சர்க்கிள் திரையில் லாமிலே முகம்

என் போன் கடையின் பின்னறையில் ஆயோர்கோர் பல வருஷமாகச் சாவு அறிவிப்பு வீடியோ வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். அக்ரா நகரத்தில் எந்தத் தொழில் படுத்தாலும் அது படுக்காது. இறந்தவர் முகத்தைக் கறுப்புப் பின்னணியில் நட்டநடுவே வைத்து, இதமாக வெளிச்சம் கொடுப்பதில் அவளை அடிக்க ஆளில்லை.

ஆனால் அவள் மனசெல்லாம் சர்க்கிள் சந்தியில் நிற்கும் பெரிய திரைமேல்தான். ஆறு மாடி உயரம். சோப்பு, பீர், மறுபடி சோப்பு என்று ஓயாமல் காட்டும் திரை.

"சத்தம் கிடையாது, டிக்கெட் கிடையாது. ஊரே போற போக்குல பார்க்கும். அதுல என் படம் ஒண்ணு ஓடணும்க்கா" என்பாள்.

"பீர் கம்பெனி வைக்கிறியா?" என்று நான் சீண்டுவேன்.

திரைக் கம்பெனி மேலாளர் லாரியாவின் பின்னால் அவள் நாயாய் அலைந்தாள். கடைசியில் அந்த மனிதர் இறங்கி வந்தார். "ஒவ்வொரு மணிக்கும் ஒரு நிமிஷம் தரேன். ஜனங்க முகம் சுளிச்சா அன்னிக்கே தூக்கிருவேன். அப்புறம் நீ இந்தப் பக்கமே தலை வைக்கக் கூடாது."

அவள் படமெடுத்தது ஆன்ட்டி லாமிலேயை. சந்தியில் கென்கே என்ற சோள உருண்டையும் பொரித்த மீனும் விற்கிறவர். வாய் நீளம், மீன் குட்டை. அவர் சிரித்தது ஒரு நொடியோ இரண்டு நொடியோதான். ஆயோர்கோர் அதைப் பிடித்து ஒரு முழு நிமிடத்துக்கு இழுத்துவிட்டாள். தொடங்கும்போது இறுகிய முகம். அது அசைகிறது என்பதே தெரியாது. நின்று பார்த்தால்தான் உண்டு.

சர்க்கிளில் யார் நின்று பார்ப்பார்கள்? திங்கள் காலை பத்து மணிக்கு அந்த முகம் திரையில் ஏறியது. கறுப்புப் பின்னணி, நட்டநடுவே முகம், இதமான வெளிச்சம். பழகிய கை, பழகியபடியே செய்திருந்தது. நிமிர்ந்து பார்த்தவர்கள் எல்லாம் நெஞ்சில் கை வைத்தார்கள். போனில் ஒரு படம் பிடித்தார்கள், "ஐயோ, என்ன அதிர்ச்சி" என்று எழுதி ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள், ஓடிவிட்டார்கள். எங்கள் ஊரில் சாதாரண ஆளின் முகம் அவ்வளவு பெரிதாக வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

மதியத்துக்குள் ஆன்ட்டி வீட்டு முற்றம் துக்க உடையின் கறுப்பும் சிவப்புமாக நிறைந்துவிட்டது. முதலில் நுழைந்தவன் ட்ரோட்ரோ என்ற ஷேர் வேன் ஓட்டும் கோமே. "எங்க தாயே போயிட்டியே!" என்று தரையில் விழுந்து புரண்டான். ஆன்ட்டி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தார்.

"ஏன்டா, மீன் சின்னதுன்னு நேத்து என்னைக் கிழிச்சவன்தானே நீ? இன்னிக்குத் தாயாயிட்டேனா?"

கோமே பேய் கண்டவன்போல வேலி தாண்டினான். ஆனால் யாரும் கலைந்து போகவில்லை. போனில் படம் கிடைத்தவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

இதற்குள் ரேடியோவில் சாபம் தொடங்கியிருந்தது. உயிரோடு இருப்பவருக்கு ஊரை அழவைத்தது யார் என்று கேட்டார்கள். லாரியா கொதித்துப்போய் ஆயோர்கோரை போனில் கூப்பிட்டார். "நாலு மணியோட சரி. அப்புறம் உன் படமும் இல்ல, நீயும் இல்ல."

அவளும் நானும் ஆன்ட்டி வீட்டுக்கு ஓடினோம். போனவுடன் ஆயோர்கோர் ஆன்ட்டி காலில் விழுந்தாள். "தப்பு பண்ணிட்டேன் ஆன்ட்டி. எடுத்துடறாங்க. நீங்க மட்டும் என்னைச் சபிச்சுடாதீங்க."

ஆன்ட்டி முற்றத்துக் கூட்டத்தை ஒருதரம் பார்த்தார். "நான் இன்னும் பார்க்கவே இல்லையேடி. பார்க்காத படத்துக்கு என்னத்தச் சபிக்க?"

உள்ளே போனவர் வெள்ளை உடுத்தி, தலைக்கு வெள்ளைத் துணி கட்டி வந்தார். எங்களில் வெள்ளை நன்றிக்கும் வெற்றிக்கும் உடுத்துவது. அவர் முன்னால் நடக்க, அழ வந்த கூட்டம் கறுப்பும் சிவப்புமாகப் பின்னால் நடந்தது. சந்தியில் வண்டிகள் நின்றன. செத்தவள் நடந்து வந்தால் எந்த டிரைவர் வண்டியை நகர்த்துவான்?

லாரியா திரைக்குக் கீழே போனும் கையுமாக நின்றிருந்தார். நாலு அடித்தது. முகம் ஏறியது.

முதல் தடவையாக சர்க்கிளில் எல்லாரும் நின்றார்கள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கண்ணோரம் ஒரு சுருக்கம் இளகியது. ஒரு கதவகலக் கன்னம் மெல்ல மேலே ஏறியது. உதடு பிரிந்து, முன்பல்லின் இடைவெளி தெரிந்தது. நாள் தவறாமல் பார்த்த சிரிப்புதான். ஆனால் ஒரு முகத்துக்குள் இவ்வளவு நடக்கிறது என்று நான் கண்டதில்லை. ஒரு ஹார்ன் சத்தம் இல்லை. கோமே குழந்தைபோல் அழுதான், இந்தத் தடவை நிஜமாக.

சிரிப்பு முழுசாய் விரிந்தது. உடனே சோப்பு வந்துவிட்டது.

ஆன்ட்டி லாரியாவிடம் திரும்பினார். "ஐயா, அஞ்சு மணிக்கு மறுபடி வருமா?"

லாரியா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆயோர்கோர் என் கையை நெரித்தாள். ஆன்ட்டி அவருக்காகக் காத்திருக்கவில்லை. வெள்ளைத் துணியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்தாள். பிறகு பத்துப் பேர். பிறகு எண்ண முடியவில்லை.

"வரும் ஆன்ட்டி" என்றார் லாரியா.

கடையைப் பூட்டாமல் வந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. திருட்டுக்குப் பேர்போன சர்க்கிளில், அதுவும் போன் கடை! போனால் போகட்டும் என்று நானும் உட்கார்ந்துவிட்டேன்.