டேப்பு வீட்டுல கெடக்கு

கோடாங்கிபட்டியைத் தாண்டுகிற வரைக்கும் நான் வாய்விட்டு வைதுகொண்டேதான் நடந்தேன். சாலையோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி என்னை நிறுத்தினாள்.

"யாரண்ணே வையிறீக? பக்கத்துல ஆளே இல்லையே?"

"போடியில இருக்கான்."

"அம்புட்டுத் தூரத்துக்குக் கேக்குமா?"

நான் நடையை எட்டிப் போட்டேன். சித்திரை வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. தேனிக்குப் போகிற பஸ் இரண்டு என்னைத் தாண்டிப் போயின. பையில் காசு இருந்தது. ஏறி உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவனோடு சண்டை வரும் என்று தோன்றியதால் ஏறவில்லை.

நான் வைதது போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரியை. அவர் வீட்டு மாடியில் ஆன்டெனா கட்டப் போய், குடோனை ஒட்டிய அறையில் எட்டு மாதம் தங்கிவிட்டேன். அப்போது கொடைக்கானல் மலையில் டிவி கோபுரம் வரவில்லை. இலங்கை டிவிதான். அதுவும் முப்பதடிக் குழாய் நட்டுத் தென்கிழக்கே திருப்பினால், காற்று மனது வைத்தால் தெரியும். எனக்குப் படிப்பு எட்டாவதோடு சரி. பிறகு பம்பாயில் மூட்டை இறக்கினேன். அங்கேயே ஒரு சந்தில் ரேடியோ பழுது பார்க்கிற கடையில் சேர்ந்தேன். அந்தக் கடைக்கு வீட்டுக் கம்ப்யூட்டர்கள் வர ஆரம்பித்தபோது அவற்றையும் கழற்றிப் பூட்டினேன். மஞ்சள் காமாலை வந்ததும் கடைக்காரன் வெளியே அனுப்பினான், ஊர்ப்பக்கம் வந்தேன். என் தகுதி இவ்வளவுதான். போடியில் அதற்கும் ஆளில்லை.

வியாபாரிக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று அவருக்கே தெரியாது. எதிர் வரிசைக்காரர் வீட்டுக்கு வீடியோ வந்துவிட்டது, அதைவிடப் புதிதாக ஒன்று வேண்டும். ஊட்டியில் தங்கிப் படிக்கிற மகன் லீவுக்கு வரும்போது அது வீட்டில் இருக்க வேண்டும். கொச்சிக்குச் சரக்கு விஷயமாகப் போனபோது, பார்த்து எடுத்துக் கொடுக்க என்னையும் கூட்டிப் போனார்.

துறைமுகத்துப் பக்கம் ஒரு கடையில் இரண்டு காட்டினார்கள். ஒன்று ரப்பர் பொத்தான் வைத்தது, நோட்டுப் புத்தகம் அளவுதான் இருக்கும். டிவியில் சொருகிக்கொள்ள வேண்டும். அதில் எழுதியதை வைத்துக்கொள்ள வேண்டுமானால், பாட்டுக் கேட்கிற டேப் ரெக்கார்டரை வயரால் இணைத்து, கேசட்டில் ஓசையாகப் பதிய வேண்டும். கரண்ட் போனால் உள்ளே இருப்பது அத்தனையும் போய்விடும், கேசட்டில் இருப்பது மட்டும்தான் மிச்சம். இன்னொன்று பெரியது. அதற்குக் கறுப்பாக, சதுரமாக ஒரு தட்டும், அந்தத் தட்டைப் போட்டுப் பதியத் தனிப் பெட்டியும் உண்டு. அந்தத் தட்டு வேறு எதற்கும் ஆகாது. அதைத்தான் நான் திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

"மொதலாளி, பெருசையே எடுங்க. கேசட்டுல வச்சா வீட்டுப் பாட்டுக் கேசட்டோட கலந்துரும்."

அவர் சின்னதைத் தூக்கினார். ஏலக்காயைக் கையில் அள்ளிக் குலுக்குவாரே, அப்படிக் காதருகே வைத்துக் குலுக்கினார். கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

"கனமே இல்லையேடா. உள்ள ஏதும் இருக்கா, இல்ல பருப்பில்லாத சாவிக்காயா?"

"இருக்கு மொதலாளி. பெருசுல இன்னும் இருக்கு."

"பெருசுக்கு இன்னொரு பெட்டியும் வாங்கணும்ங்கிற. டேப்பு வீட்டுல ரெண்டு கெடக்கு. அத விட்டுப்புட்டு இதையும் தலையில கட்டப் பாக்குறியா? இவன்கிட்ட ஒனக்கு ஏதும் கமிஷனா?"

"டேப் மதி, டேப் மதி" என்றார் கடைக்காரர், டேப்பே போதும் என்று மலையாளத்தில். குலுக்குகிற ஆள் கடையை விட்டுப் போனால் போதும் என்று அவருக்கு ஆகியிருந்தது.

சின்னதை வாங்கினார். தட்டுப் பெட்டி வாங்காமல் மிச்சம் பிடித்த பணத்தில் தேக்கில் ஒரு அலமாரி செய்தார். சுருட்டி இறக்குகிற கதவு, பித்தளைப் பூட்டு. டிவி, கம்ப்யூட்டர், டேப் எல்லாம் அதற்குள். சாவி அவர் இடுப்பில். அலமாரிக்குள் காற்றுப் போகாது. பின்பக்கம் நாலு துளை போடப் போனேன். "தேக்குல ஓட்ட போடுறான் பாரு, பாவிப்பய" என்று என் கையைத் தட்டிவிட்டார். அதனால் ஒரு மணி நேரம் ஓடினால் சூடேறித் திரை கோணும், அணைத்து ஆறவைத்துப் போட வேண்டும். சாயங்காலம் தோட்டத்து மோட்டார்களெல்லாம் ஓடும்போது வோல்ட்டேஜ் இறங்கும். எத்தனையோ நாள் பாதி எழுதினது அப்படியே போயிருக்கிறது.

மகன் லீவுக்கு வந்தான். பத்து நாள் அதில் குண்டு போடுகிற ஆட்டம் ஆடினான், போனான். அதற்குப் பிறகு அதைத் தொட்டது மகள்தான்.

அவள் ப்ளஸ் டூ பரீட்சை எழுதி முடித்திருந்தாள். அந்தக் கம்ப்யூட்டரோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை நான் படம் பார்த்துப் புரிந்துகொண்டவன். அவள் வரி வரியாகப் படித்தாள். ஒரு வாரத்தில் எனக்குத் தெரிந்தது தீர்ந்துவிட்டது, அதற்கப்புறம் நான் வயர் சொருகுகிற ஆள். மதுரையில் காலேஜில் சேர்ந்து இதையே படிக்க வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டாள். சின்னமனூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்து பேசிக்கொண்டிருந்த சமயம் அது.

அவர் என் முன்னால்தான் சொன்னார்: "இந்தப் பெட்டி வந்து ஆறு மாசமாச்சு, கரண்ட் குடிச்சதத் தவிர என்ன செஞ்சிருக்கு? என் தொழிலுக்கு ஒதவுறாப்புல ஒண்ணு செஞ்சு காட்டு. காட்டிட்டா மதுரைக்கு அனுப்புறேன். இல்லைன்னா பேசாம கழுத்த நீட்டணும்."

"நெசமாவாப்பா?"

"நா என்னைக்குப் பேச்சு மாறியிருக்கேன்?"

அவள் எடுத்துக்கொண்டது ஏலக்காய் உலர்த்துவதை. பச்சைக் காய் எவ்வளவு, பறித்த அன்று மழையா வெயிலா, எந்த அறையில் பரப்பியது என்று தட்டினால், எத்தனை மணி நேரம் சூடு கொடுக்க வேண்டும், காய்ந்தபின் எவ்வளவு எடை நிற்கும் என்று டிவியில் எழுத்து வரும். அது அவர் மனக்கணக்காகச் சொல்கிற விஷயம், ஊரில் அதற்குப் பேர் பெற்றவர். அப்பா சொல்வதும் பெட்டி சொல்வதும் ஒன்றாக வரவேண்டும் என்று, பழைய பருவங்களில் உலர்த்திய விவரங்களைக் குடோன் ஆட்களிடம் கேட்டுக் கேட்டு வாங்கினாள். காலையில் அவர் சாவி கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனால், சாயங்காலம் வந்து படம் பார்க்க டிவியைக் கேட்கிற வரைக்கும் உட்கார்ந்திருப்பாள். முதலில் நோட்டில் எழுதி அடித்தாள். பிறகு திருத்தங்களை நேராகத் திரையிலேயே செய்தாள். நோட்டு எப்போதோ பின்தங்கிவிட்டது.

திங்கட்கிழமை எல்லாம் முடிந்து, கடைசியாகப் பதிந்த கேசட்டின் மேல் "எடுக்க வேண்டாம்" என்று எழுதி ஒட்டினாள். கேசட்டின் முதுகில் இரண்டு பிளாஸ்டிக் பல் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் பதிகிற பொத்தான் அழுந்தாது. நானே உடைத்துக் கொடுத்தேன். இன்னொரு கேசட்டில் ஒரு நகல் எடுத்து வை என்று சொல்லவில்லை. வெற்றுக் கேசட்டுக்கு அவரிடம் போய் நின்று பேச்சு வாங்க வேண்டுமே என்று சோம்பினேன். அதற்காக என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை காலையில் காட்டுவது என்று ஏற்பாடு. அதுவரை அவள் அதைத் தொடவில்லை. அவர் இரண்டு வியாபாரிகளை அழைத்திருந்தார். காப்பி வந்தது. அலமாரிக் கதவு மேலே போனது. மகள் உத்தரவைத் தட்டிவிட்டு டேப்பை ஓடவிட்டாள். கேசட்டிலிருந்து உள்ளே ஏறும்போது திரை ஓரத்தில் வண்ணக் கோடுகள் ஓட வேண்டும். ஓடவில்லை. ஓசையைக் கூட்டினாள், குறைத்தாள். சுற்றிவிட்டு மறுபடி போட்டாள். நான் டேப்பின் தலையைச் சின்னத் திருப்புளியால் திருகிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

"என்னடா, பெட்டி தூங்குதா?" என்றார் அவர்.

"எங்க வீட்டு வீடியோவும் இப்பிடித்தான் அண்ணாச்சி, மண்டையில ஒண்ணு போட்டா முழிச்சுக்கிரும்" என்றார் வந்தவர்களில் ஒருவர். சிரித்தார்கள். அவள் மறுபடியும் முதலுக்குச் சுற்றினாள்.

கேசட்டில் ஓசை இருக்கிறதா என்று காதால் கேட்டுவிடலாம் என்று வயரைப் பிடுங்கினேன். வயர் இருக்கும்வரை டேப் வாய் திறக்காது. பிடுங்கியதும் கீச்சென்ற சத்தம் வர வேண்டும். வந்தது அவருடைய குரல்.

"...இங்கன மழையே இல்ல மாப்ளே. ஒங்க அக்கா பக்கத்துலதான் இருக்கா, அவளும் பேசுவா..."

மஸ்கட்டில் இருக்கிற மைத்துனனுக்கு இந்த வீட்டில் கடிதம் எழுதுவதில்லை. கேசட்டில் பேசி, அங்கே போகிறவர் யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். அப்போது எத்தனையோ வீடுகளில் அதுதான் வழக்கம்.

"நிறுத்துடா" என்றார்.

நான் நிறுத்தவில்லை. தெரிந்தேதான் நிறுத்தவில்லை.

"...மகளுக்கு சின்னமனூர்லயே முடிச்சாச்சு. வெத்தல பாக்கு மாத்தியாச்சு. ஆவணியில கல்யாணம், நீ லீவு சொல்லி வையி. அவகிட்ட இன்னும் சொல்லல. கம்ப்யூட்டர்ல என்னமோ செஞ்சுக்கிட்டு இருக்கா, வெள்ளிக்கெழம காட்டுறாளாம். காட்டட்டும்னு விட்டுருக்கேன். அதுவரைக்கும் அழுகாம கெடப்பால்ல..."

அவள்தான் கை நீட்டி நிறுத்தினாள். கேசட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். நான் உடைத்த பல்லின் ஓட்டையில் நாள்காட்டித் தாளை மடித்துத் திணித்திருந்தது. பழைய பாட்டை அழித்துப் புதிது பதிய எல்லோரும் செய்கிற வேலை. அதை நகத்தால் கெல்லி எடுத்து விரித்தாள்.

"செவ்வாக்கெழமை" என்று படித்தாள். "செவ்வாக்கெழம மாமாகிட்ட பேசியிருக்கீக. புதன்கெழம ராத்திரி என்கிட்ட, நல்லாச் செஞ்சு காட்டு, பெரிய மனுசக வாராகன்னு சொன்னீக."

"ஏத்தா, அது கெட்டுப்போன கேசட்டுன்னு நெனச்சேன். போட்டா கீச்சு கீச்சுன்னுச்சு..."

"கேசட்ட விடுங்கப்பா. அது போனாப் போகுது. மாமாவுக்கு அனுப்பிருங்க. அவுக லீவு சொல்லணும்ல." கேசட்டை அவர் மடியில் வைத்தாள்.

அவளுடைய அம்மா காப்பித் தட்டோடு நின்றபடியே நின்றார். வந்தவர்கள் செருப்பைத் தேடினார்கள். மகளிடம் காட்ட முடியாத கோபம் என் பக்கம் திரும்பியது.

"ஏலே, நீ பாத்து எடுத்த பெட்டிதான இது? ஒரு கேசட்டக் காப்பாத்த வக்கில்ல, நீயெல்லாம் மெக்கானிக்கு!"

"பெருசை எடுங்கன்னுதான் சொன்னேன் மொதலாளி. அந்தத் தட்டுல ஒங்களால பேசவே முடியாது. பொய்யும் சொல்ல முடியாது."

"வெளிய போடா நாயே."

மகள் என்னைப் பார்த்தாள். "அண்ணே, திரும்ப அடிச்சா வருமா?"

"வரும்மா. ஒனக்கு மனசுல இருக்குல்ல."

"பாதி இருக்கு."

மீதிப் பாதியைச் சேர்க்க அவளுக்குப் பதினைந்து நாள் போதும். அவர் எழுந்து போய் அலமாரிக் கதவைக் கீழே இழுத்துப் பூட்டினார். ஸ்விட்சைக்கூட அணைக்கவில்லை. உள்ளே டிவி ஓடிக்கொண்டேயிருந்தது, கதவின் இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. "மொதலாளி, சூடேறி வெந்துரும்" என்றேன். "வேகட்டும்" என்றார். என் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

நடக்க நடக்க எனக்கு ஆத்திரம் குறையவில்லை, கூடியது. கல்யாணத்தை முடிவு செய்ய அவருக்கு உரிமை இல்லை என்று அந்த ஊரில் யாரும் சொல்லப்போவதில்லை. செய்திருக்கலாம். ஒரு மாதம் அவளை அந்தச் சூட்டுப் பெட்டி முன்னால் உட்கார வைத்தது எதற்கு? அழாமல் இருக்கக் குழந்தைக்குக் கிலுகிலுப்பை கொடுப்பதுபோல. அதற்கு நான் வயர் சொருகிக் கொடுத்திருக்கிறேன். மறுபடி அடித்தாளா என்று எனக்குத் தெரியாது. ஆவணியில் கல்யாணம் நடந்தது என்று மட்டும் பிற்பாடு ஒரு லாரிக்காரர் சொன்னார்.

பிற்பகலில் அல்லிநகரம் வந்தேன். தெரிந்த ரேடியோக் கடைக்காரர் ஒருவர் தண்ணீர் கொடுத்தார்.

"நல்ல வேளை வந்த. நாலஞ்சு வீட்டுல டிவி, டேப்பெல்லாம் வாங்கணும்ங்கிறாக. கூடப் போயிப் பாத்து எடுத்துக் குடுக்க ஆளில்ல. இங்கனயே இருந்துக்க."

"பெரிய வீடுகளா?"

"பின்ன, குடிசையிலயா டிவி வாங்குவாக?"

"அப்ப வேணாம்ணே."

"கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு?"

"ஆமாண்ணே" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

வீரபாண்டியில் அம்மன் கோயில் திருவிழாக் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. அங்கே போய் ஆற்றங்கரையில் படுத்தேன். விடிந்ததும் ராட்டினம் பூட்டிக்கொண்டிருந்த இடத்தில் போய் வேலை கேட்டேன். ராட்டினக்காரர் பல் துலக்கிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"என்ன தெரியும்?"

"இன்ஜின், மோட்டார், வயரிங் தெரியும். எதை வாங்கலாம்னு மட்டும் என்கிட்ட யோசனை கேக்காதீக."

"நீ சொல்லி வாங்க என்கிட்ட என்ன இருக்கு? ஒரே ஒரு டீசல் இன்ஜின், அதுவும் எங்கப்பா வாங்குனது" என்று கொப்பளித்துத் துப்பினார். "எட்டு மணிக்கெல்லாம் ஆத்தாவக் கும்பிட்டு வர்ற சனம் வந்துரும். பெல்ட்டு வழுக்குது, பாரு."

இன்ஜினைச் சுற்றிக் கிளப்புகிற கைப்பிடியை எடுத்துக் கொடுத்தார். மூன்றாவது சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.