பங்களாவில் அரைத் தொட்டித் தண்ணீர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்தேன், அதோடு சரி. வயதும் ஆகிவிட்டது. ஒன்றைச் சொல்ல வந்தால் இன்னொன்று மறந்துவிடுகிறது. அதிலும் இது கக்கூஸ் விஷயம். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருந்தது மலாயாவில், ரெம்பாவுக்கும் பெடாசுக்கும் நடுவில் ஒரு ரப்பர் தோட்டம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, ஜப்பான்காரன் வந்துவிட்டான். வெள்ளைக்காரத் துரை பங்களாவைப் பூட்டாமலே போய்விட்டார். பல மாதம் சும்மா கிடந்த அந்த வீட்டில் ஒரு ஜப்பான் அதிகாரி வந்து தங்கினார். கூட்டிப் பெருக்கி, கக்கூஸ் கழுவ என்னைத் தோட்டத்துக் கணக்கர், கிராணி, அனுப்பினார். என் வீட்டுக்காரர் ரப்பர் பால்வெட்டுக்காரர். அப்போது வெட்டு நின்றுபோய், மரங்களைச் சாய்த்து மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தார்கள்.

சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு வந்தது. பிறகு ஒரு நாள் பிரட்டுக்களத்தில், காலையில் ஆள் கூப்பிடும்போதே, அடுத்த லாரியில் போக வேண்டியவர்கள் பெயரையும் சொல்லிவிட்டார்கள். அதில் அவர் பெயரும் இருந்தது. அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை.

அந்த வாரத்தில்தான் பங்களா கக்கூஸ் கோளாறு பண்ணியது. சுவர் உச்சியில் ஓர் இரும்புத் தொட்டி, அதிலிருந்து தொங்கும் சங்கிலி, கீழே வெள்ளைப் பீங்கான். சங்கிலியை இழுத்தால் தண்ணீர் நூலாக இறங்கி, சுற்றிச் சுற்றி நிற்கும். போக வேண்டியது போகாது. அதிகாரி கிராணியைக் கூப்பிட்டுக் கன்னத்தில் அறைந்து, பைப்பு வேலை தெரிந்தவனைக் கொண்டு வரச் சொன்னார். தோட்டத்தில் அப்படி யாரும் இல்லை. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் குழாய் ஒழுகியபோது பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றிக் கட்டியவர் என் வீட்டுக்காரர். கிராணி அவரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"பைப்பு வேல தெரியும்னு சொல்லிட்டேன். தெரியாதுன்னு வாயத் தொறந்த, நானும் சேந்து அடி வாங்கணும்" என்று கிராணி அவரிடம் சொன்னதை நான் துடைப்பத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் அதுவரை அப்படி ஒரு கக்கூசைப் பார்த்ததே இல்லை. லயத்தில் எங்களுக்கு ஓடைமேல் போட்ட பலகைதான். கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம் பீங்கானைப் பார்த்தபடி நின்றார்.

"இதுல எப்படி புள்ள உக்காருவாங்க?"

"எனக்கென்னங்க தெரியும்? நான் கழுவத்தானே செய்யறேன்."

அத்தனை பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

வெளியே இருந்த மலக்குழி நிறைந்துவிட்டது என்றுதான் அவர் முதலில் நினைத்தார். மூடியைத் தூக்கிப் பார்த்தால் குழியில் இடம் இருந்தது. எனக்கு ஒன்று மட்டும் தெரியும். கழுவும்போது ஒரு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றினால் எல்லாம் போய்விடும். அதைச் சொன்னேன். அப்படியென்றால் போகிற வழி சரி, வருகிற தண்ணீரில்தான் குறை என்றார். பீங்கான் விளிம்புக்கு அடியில் விரலை விட்டுத் தடவினார். வரிசையாக ஓட்டைகள், பாதிக்கு மேல் துருவும் சேறும் அடைத்திருந்தன. ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைத் தாங்கும் கம்பி ஒன்றை நிமிர்த்தி, ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி எடுத்தார். அதன் பிறகும் தண்ணீர் பலமாக வரவில்லை.

அப்புறம் சமையலறை முக்காலியைப் போட்டு ஏறித் தொட்டியின் மூடியைத் தூக்கினார். என்னையும் ஏற்றிக் காட்டினார். உள்ளே ஒரு செம்புப் பந்து பித்தளைக் கம்பியின் நுனியில் மிதந்துகொண்டிருந்தது. தண்ணீர் ஏறும்போது பந்தும் ஏறும். அது போதுமான உயரம் வந்ததும் குழாய் அடைத்துக்கொள்ளும். கம்பி கீழ்ப்பக்கம் வளைந்திருந்ததால் தொட்டி பாதி நிறைவதற்குள்ளேயே குழாய் அடைத்துவிட்டது. அவ்வளவுதான் கோளாறு. அவர் கம்பியை மேலே வளைத்தார். தண்ணீர் ஏற ஆரம்பித்தது. அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். அவர் கை சங்கிலிக்குப் போனது.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவரை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"இது முழுசா சரியாயிட்டா, நாளைக்கு உங்களுக்கு இங்க என்னங்க வேல?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கம்பியைக் கொஞ்சம் கீழே இறக்கினார்.

கக்கூஸ் ஓரளவுக்குப் போனது. வேலை இன்னும் பாக்கி இருக்கிறது, இந்த ஆள் வேண்டும் என்று கிராணி அதிகாரியிடம் சொல்ல, லாரி அவர் இல்லாமல் போயிற்று. அவருடைய இடத்தில் பக்கத்து வீட்டு அண்ணனை ஏற்றினார்கள். அது எங்களுக்கு அன்று சாயங்காலம்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு சில நாள் நன்றாகப் போகும், சில நாள் போகாது. காலையில் நான் கழுவும்போது முக்காலியில் ஏறிக் கம்பியை இறக்கிவிடுவேன். அதிகாரி சத்தம் போட்டதும் அவர் வந்து ஏற்றிவிடுவார். நடுவில் பங்களாத் தோட்ட வேலை, விறகு வேலை என்று அவரை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். லாரிகள் வந்துகொண்டேதான் இருந்தன.

ஒரு நாள் அதிகாரிக்குச் சலித்துவிட்டது. லோபாக் என்ற ஊரிலிருந்து ஒரு சீனப் பைப்புக்காரரைக் காரில் கூட்டிக்கொண்டு வந்தார். சின்ன உருவம், நரைத்த தலை. அதிகாரியும் கிராணியும் வாசலில் நிற்க, அவர் முக்காலியில் ஏறித் தொட்டிக்குள் பார்த்தார். வளைத்து வளைத்து அந்தப் பித்தளைக் கம்பி ஓரிடத்தில் பளபளவென்று தேய்ந்திருந்தது எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சீனக்காரர் திரும்பி அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சீன ஆட்களை ஜப்பான்காரன் என்ன பாடு படுத்தினான் என்று அப்போது எல்லோருக்கும் தெரியும். அவர் தன் டப்பாவிலிருந்து கிரீசை விரலில் எடுத்து, தேய்ந்த இடத்தில் மெதுவாகப் பூசி, மூடியைப் போட்டுவிட்டு இறங்கினார்.

"பாராங் லாமா லா. காந்தி தாக் அடா. இனி ஓராங் மஸ்தி ஜாகா" என்றார் அதிகாரியிடம். சாமான் பழசு, மாற்ற வேறு கிடைக்காது, இந்த ஆள் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று அர்த்தம். அதிகாரி முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டார்.

சாமான்களை எடுத்துக் கட்டும்போது என் வீட்டுக்காரரிடம், தலையைத் தூக்காமல், "பெலான் பெலான். நந்தி பாத்தா" என்றார். மெதுவாக, இல்லாவிட்டால் ஒடிந்துவிடும். அன்றிலிருந்து நாங்கள் கம்பியை இடம் மாற்றி மாற்றி மெதுவாக வளைத்தோம். அது கடைசிவரை ஒடியவில்லை.

ஜப்பான்காரன் தோற்றுவிட்டான் என்று செய்தி வந்து, அதிகாரி போன மறுநாள், அவர் என்னைக் கூட்டிக்கொண்டு பங்களாவுக்குப் போனார். முக்காலியில் ஏறிக் கம்பியை நேராக்கினார். தொட்டி முழுசும் நிறையும்வரை காத்திருந்து சங்கிலியை இழுத்தார். தண்ணீர் அப்படி இரைந்து இறங்கி நான் கேட்டதில்லை. அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "அப்படியே விட்டுட்டுப் போக மனசு வரல" என்று மட்டும் சொன்னார்.

சயாமிலிருந்து சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் வரவில்லை. அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், குழாயடியில் என் பக்கத்தில்தான் குடம் வைப்பார். ஒரு நாளும் ஒன்றும் கேட்டதில்லை. என் வீட்டுக்காரர் தான் சாகும்வரை அந்த அக்கா வீட்டுக்கு விறகு வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் எழுதியதில் பிழை இருக்கலாம். அண்ணனை ஏற்றிய லாரி எங்கள் தோட்டத்துக்கு வந்த முதல் லாரியா, இரண்டாவதா என்று நிச்சயமில்லை. அந்த மலாய்ப் பேச்சையும் என் காதில் விழுந்தபடிதான் எழுதியிருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்த வேண்டும். லோபாக் பக்கம் பழைய ஆட்கள் யாராவது இருந்தால், அந்தக் காலத்தில் அங்கே பைப்பு வேலை செய்த நரைத்த தலைச் சீனக்காரர் யார் என்று கேட்டுச் சொல்லுங்கள். அவர் பெயரை நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.