பாட்டில் இல்லாத அண்ணன்

ஒன்பது வயதில் எங்கள் வீட்டு மொழிபெயர்ப்பாளர் நான்தான். சம்பளம் கிடையாது. கொமூன் என்று நாங்கள் சொல்லும் நகரசபையிலிருந்து வரும் கடிதம், பல் டொக்டரின் அறிவுரை, மேல்மாடிக் கிழவர் எங்கள் கறிவாசத்தைப் பற்றி முணுமுணுப்பது எல்லாம் என் வாய்வழியாகத்தான் தமிழாகும். கிழவர் சொல்வதில் பாதியை விழுங்கிவிடுவேன். அம்மா டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். வயதுபோனவர்களைக் குளிக்க வார்த்துச் சாப்பாடு கொடுக்க வேண்டிய அளவு டெனிஷ் அவரிடம் இருந்தது. கடிதத்துக்கு வேண்டிய டெனிஷ் இல்லை.

டெனிஷ் தெரிந்த பிள்ளைக்கு இங்கிலிஷும் தெரியும் என்பது அம்மாவின் முடிவு. பள்ளிக்கூடத்தில் நான் அப்போது நிறங்களையும் மிருகங்களையும் தாண்டியிருக்கவில்லை. அதை ஒப்புக்கொள்ள எனக்கு மானம் விடவில்லை.

புதன்கிழமைகளில் அம்மா என்னை நூலகத்துக்குக் கூட்டிப்போவார். ஒருநாள் இசைத்தட்டு அடுக்கில் ஒன்றைக் கையில் எடுத்தவர் வைக்கவேயில்லை. அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கிற்றாருடன் கடற்கரையில் நின்றாள். இங்கிலாந்துப் பாடகி, இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதிருக்கும். பாட்டும் மெட்டும் அவளுடையதே என்று பின்னட்டையில் எழுதியிருந்தது.

"ஐயோ, கேக்க ஆளில்லையோ இதுக்கு? சீப்பால தலையும் இழுக்காமல் நிக்குது பிள்ளை," என்றார் அம்மா. அந்த இரக்கத்திலேயே வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் ஒரு படத்தை வைத்து இழுபறி நடந்துகொண்டிருந்தது. அம்மாவின் அண்ணா, என் மாமா, ஊரில் சண்டையின் கடைசி மாதங்களில் காணாமல் போனவர். உயிரோடு இருக்கிறார் என்றும் தகவல் இல்லை, இல்லை என்றும் தகவல் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து சித்தி தொலைபேசியில், அந்திரட்டிக் கிரியையைச் செய்து முடிப்போம், படத்துக்கு மாலை போடக்கா, ஆத்துமா அலையக் கூடாது என்று அழுவார். அப்பாவும் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார். ஊரில் சாதகம் பார்க்கும் யாரோ சாத்திரி மட்டும், கிழக்குத் திசையில் இருக்கிறார், வருவார் என்று சத்தியம் செய்தாராம். அம்மா எவருக்கும் பதில் சொல்லவில்லை. தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் மாமா மாலை இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

அம்மா குசினியில் வெங்காயம் வெட்டும்போது அந்த இசைத்தட்டைப் போட்டார். மேளம் இல்லை, தாளம் இல்லை. ஒரு குரல், ஒரு கிற்றார். கம்பியில் விரல் இழுபடும் சத்தம்கூடக் கேட்டது. "தனிய இருந்து பாடுது, பாவம்," என்றார் அம்மா. மூன்றாவது பாட்டில் கத்தி நின்றுவிட்டது.

"என்னவாம் பாடுறா?"

நான் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டில் எனக்குப் பிடிபட்டவை மூன்றே சொற்கள். கடல், வெளிச்சம், கதவு. தெரியாது என்று சொன்னால் அம்மா திரும்பப் போட்டுக் கேட்கச் சொல்வார், கார்ட்டூன் முடிந்துவிடும். ஆகவே மூன்று சொல்லையும் வைத்து ஒரு வீட்டைக் கட்டினேன். அவவின்ர அண்ணா கடலால போனவர், திரும்பி வரேல்லை, அவ கதவடியில லைட்டைப் போட்டுட்டுப் பாத்துக்கொண்டிருக்கிறா.

"பிறகு? வந்தவரோ?"

"அது பாட்டில இல்லை."

அன்றிலிருந்து அந்தப் பாட்டு அம்மாவுடையது. தவணை முடிய என் நூலக அட்டையில் எடுத்தோம், பிறகு அப்பாவின் அட்டையில். சித்தியிடம் அம்மா சொன்னார், "இங்க ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை பாடியிருக்குதடி. அதின்ர அண்ணையும் வரேல்லையாம். அது மாலை போட்டுட்டுதோ?" மாதக்கணக்கில் வாயடைத்திருந்த அம்மா பேசத் தொடங்கியதில் அப்பாவுக்கே சந்தோஷம். சித்தியின் தொலைபேசி வந்தாலே நான் அறைக்குள் போய்விடுவேன். பொய் இந்த அளவுக்கு வளரும் என்று யார் கண்டது?

வசந்தத்தில் நூலக வாசலில் அவளுடைய படம் ஒட்டியிருந்தது. சனிக்கிழமை மதியம் வந்து பாடுகிறாளாம், அனுமதி இலவசமாம். அம்மா வேலைமுறையை மாற்றிக்கொண்டார். வெறுங்கையோடு போகலாமா? பிள்ளை சைவமோ மச்சமோ தெரியாது என்று மீன் ரோல்ஸ் பத்தும் மரக்கறி ரோல்ஸ் பத்தும் பொரித்து, இரண்டு ஐஸ்கிரீம் பெட்டிகளில் அடுக்கினார். நான் காய்ச்சல் என்று படுத்துப் பார்த்தேன். அம்மா நெற்றியைத் தொட்டுவிட்டு, "நடிக்காமல் எழும்பு," என்றார்.

புத்தக அலுமாரிகளுக்கு நடுவே முப்பது கதிரைகள். நேரில் அவள் படத்தைவிடச் சின்னவளாக இருந்தாள். தலை அன்றும் இழுக்கவில்லை. அந்த மூன்றாவது பாட்டைப் பாடியபோது அம்மாவின் உதடுகள் சொல்லில்லாமல் அசைந்தன. மற்றவர்கள் கைதட்டினார்கள். அம்மா தட்டவில்லை.

முடிந்ததும் சனம் கோப்பிக்குப் போனது. அம்மா பத்திரிகை அடுக்கடியில் நின்று என் தோளைத் தள்ளினார்.

"போய்க் கேள். அண்ணை வந்தவரோ எண்டு மட்டும் கேள்."

"நீங்களே கேளுங்கோவன்."

"எனக்கு வெக்கமாக் கிடக்கு. போ, என்ர குஞ்செல்லே."

போனேன். தெரிந்த நாலு சொல்லைப் பொறுக்கி, அம்மா கேட்கிறார், அந்த அண்ணா வீட்டுக்கு வந்தாரா என்று கேட்டேன். அவள், எந்த அண்ணா என்றாள். என் காது கொதித்தது. மன்னிக்கச் சொல்லி, பாதி சொல்லாலும் பாதி கையாலும், பாட்டில் அண்ணா இருக்கிறார் என்று நான்தான் அம்மாவுக்குச் சொன்னேன் என்றேன். அவள் நிமிர்ந்து, தூரத்தில் இரண்டு பெட்டிகளோடு நின்ற அம்மாவைப் பார்த்தாள். அது அம்மாவின் அண்ணாவா என்றாள். ஓம் என்று தலையாட்டினேன். அவர் எங்கே என்றாள். தோளைக் குலுக்கினேன்.

அவள் சிரிக்கவில்லை. கிற்றாரைக் கதிரையில் சாய்த்துவிட்டு எனக்குப் பக்கத்தில் குந்தி, சொல் சொல்லாக, மெதுவாகச் சொன்னாள். எனக்குத் தெரியாது என்று சொல். எனக்கும் தெரியாது என்று சொல். அவ்வளவு இங்கிலிஷ் எனக்கே விளங்கியது.

கதிரைகளுக்கு நடுவே திரும்பி நடந்தேன். இருபது ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்த மனிசிக்கு, தெரியாதாம் என்று எப்படிப் போய்ச் சொல்வது? பொய்தான் சொல்லியாயிற்று, அதை நல்லபடியாக முடித்துவைப்போம் என்று நினைத்தேன்.

"வந்திட்டாராம், அம்மா," என்றேன்.

அம்மா துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "வந்திட்டாரோ," என்று ஒருமுறை கேட்டார். பிறகு நேராகப் போய்ப் பெட்டிகளை அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் அம்மாவின் கைகளைப் பிடித்தாள். அம்மா மரியாதைக்குச் சிரித்தார், டெனிஷில் நன்றி சொன்னார், கையை விடுவித்துக்கொண்டார்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அம்மா வெளியே பார்த்தபடியே இருந்தார். இறங்குவதற்கு முன் சொன்னார், "நல்ல காலம். அதுக்கு அண்ணை வந்திட்டார்."

திங்கட்கிழமை இசைத்தட்டை அவரே கொண்டுபோய் நூலகத்தில் கொடுத்துவிட்டார். அதன்பிறகு குசினியில் பாட்டுக் கேட்கவில்லை. எனக்கோ பெரிய நிம்மதி. பொய்யிலிருந்து தப்பிவிட்டேன், அம்மாவுக்கும் ஒரு நல்ல செய்தி கொடுத்தேன் என்று இரண்டு மடங்கு சந்தோஷத்தில் திரிந்தேன்.

பதினாறு வயதில் அந்தப் பாட்டைத் தேடிக் கேட்டேன். கடற்கரையில் இருந்த வீட்டை விற்றுவிட்டு, கடைசியாக வெளிச்சத்தை அணைத்துக் கதவைச் சாத்துகிற ஒரு மகளின் பாட்டு. அண்ணன் எவனும் இல்லை. எங்கள் வீட்டில் மாமாவின் படத்துக்கு இன்றைக்கும் மாலை இல்லை.

சித்திக்கு அவர் இல்லை என்று தெரியும், சாத்திரிக்கு அவர் வருவார் என்று தெரியும். எல்லாருக்கும் ஏதோ ஒன்று நிச்சயமாகத் தெரிந்திருந்தது. அம்மாவின் கணக்கில், தெரியாமல் காத்துக்கொண்டிருந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான், அம்மாவும் தலை இழுக்காத அந்தப் பிள்ளையும். நான் அந்தப் பிள்ளையின் அண்ணனை வீட்டுக்குக் கூட்டிவந்து, என் அம்மாவைத் தனியே விட்டுவிட்டேன். எனக்கும் தெரியாது என்று அவள் தந்த இரண்டு சொல்லைத்தான் அம்மாவிடம் கொண்டுபோயிருக்க வேண்டும் என்பது, ஒன்பது வயதில் எனக்கு விளங்கவில்லை.