இரு தடவை பூட்டிக் கிடந்த வீடு

வீட்டுத்திட்ட உத்தியோகத்தர்களுக்கு நான்கு நாள் பயிற்சி என்று கடிதம் வந்தபோது, அதை மேசை லாச்சிக்குள் தள்ளிவிட்டு மறந்துபோனதாகக் காட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பதினெட்டு வருடமாகத் திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் வீடில்லாதவர்களின் விண்ணப்பங்களைப் பார்ப்பவள் நான். எந்தக் கொட்டிலின் தகரம் ஓட்டை, எந்த வளவுக்குக் காணி உறுதி இருக்கிறது, எதற்கு இல்லை என்பதைக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து எனக்குச் சொல்லித் தரவேண்டிய தேவை இருக்கவில்லை. ஆனால் கடிதத்தின் அடியில் 'வரவு கட்டாயம்' என்று இருந்தது. மேலதிகாரியும் வந்து கதவில் சாய்ந்து நின்றுகொண்டு, "நீங்கள் போகாட்டி வேற ஆர் போறது?" என்றார். அது கேள்வி இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

பயிற்சி, கடலைப் பார்த்த ஒரு பழைய மண்டபத்தில் நடந்தது. நான்கு மின்விசிறிகளில் இரண்டுதான் சுற்றின. பயிற்சியை நடத்த வளவாளராக வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். எப்போதும் சிரித்த முகம். அந்தச் சிரிப்பே முதல் நாள் பத்து மணிக்குள் எனக்கு எரிச்சலைக் கிளப்பிவிட்டது. எங்கள் எல்லோருக்கும் கலர் பென்சில் கொடுத்து, "கண்ணை மூடுங்கோ. நீங்கள் சின்ன வயசில இருந்த வீட்டை நினையுங்கோ. பிறகு கீறுங்கோ" என்றார். நான் கண்ணை மூடவில்லை. வெளியே, எங்கள் ஊர்த் தெருக்களில் திரியும் மான்களில் ஒன்று குப்பைத் தொட்டிக்குள் தலையை விட்டு யாரோ எறிந்த சாப்பாட்டுப் பார்சலின் தாளை இழுத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர், என்னோடு பத்து வருடம் ஒரே மேசையில் மதியச் சாப்பாடு சாப்பிட்டவர், வீட்டுக்குப் பதிலாக அத்திவாரத்தின் குறுக்குவெட்டை அளவுகளோடு கீறிக் கொடுத்தார். வளவாளர் அதையும் சிரித்தபடி வாங்கிச் சுவரில் ஒட்டினார்.

இரண்டு நாள் இப்படியே போனது. பெரிய தாள்களில் 'பங்கேற்பு', 'மரியாதை', 'செவிமடுத்தல்' என்று எழுதி எழுதிச் சுவர் நிறைந்தது. மூன்றாம் நாள் காலை அவர் ஐந்து பேரை அழைத்து வந்தார். துறைமுகத்தின் உட்பக்கம், ரயில் பாதைக்கு அங்கால் இருக்கும் குடியிருப்பு ஆட்கள்.

"இண்டைக்கு இவையள்தான் வளவாளர்கள்," என்றார்.

அந்த ஐவரில் ஒருத்தியை எனக்குத் தெரியும். அவளும் என்னைக் கண்டுவிட்டாள்.

அவளுக்கு நாற்பது வயது மட்டில். கணவன் விட்டுவிட்டுப் போனவன். இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அவள் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புகள் கழுவும் வேலை செய்தாள். காலை ஆறு மணி பஸ்ஸுக்குப் போனால் திரும்ப இருட்டிவிடும். இரண்டு வருடங்களுக்கு முன் அவளுடைய வீட்டு விண்ணப்பத்தை நான்தான் நிராகரித்தேன். 'இரு தடவை சென்றபோதும் வீடு பூட்டிக் கிடந்தது. விண்ணப்பதாரி அங்கு நிரந்தரமாக வசிப்பவர் அல்ல' என்று எழுதியிருந்தேன். அதன்பிறகு மூன்று முறை லீவு போட்டுவிட்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். நான் என்ன சொல்லி அனுப்பினேன் என்பதை அன்று மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோது முழுதாக நினைவில் வைத்திருக்கவில்லை. அவள் வைத்திருந்தாள்.

வளவாளர் நடுவில் ஒரு மேசையையும் இரண்டு கதிரைகளையும் போடச் சொன்னார். "இப்ப இடத்தை மாத்துவம். மக்கள் உத்தியோகத்தராகட்டும், உத்தியோகத்தர் விண்ணப்பதாரியாகட்டும். ஆர் முதல்?"

அவள் எழும்பினாள். மேசைக்குப் பின்னால் போய் இருந்தாள். "அந்த மிஸ் வரட்டும்," என்று என்னைக் காட்டினாள்.

நான் போனேன். போகாமல் விட்டால் பயந்துவிட்டேன் என்று நினைப்பார்கள். எதிர்க் கதிரையை இழுத்தேன்.

"ஆர் இருக்கச் சொன்னது?"

மண்டபம் சிரித்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன். கதிரையை விட்டுவிட்டு நின்றேன்.

"பேர் என்ன?"

சொன்னேன். அவள் என்னைப் பார்க்காமல் கைத்தொலைபேசியை மேசையில் வைத்து விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"சத்தமாச் சொல்லுங்கோ. என்ன, ரகசியமே?"

மறுபடியும் சொன்னேன்.

"பைல் இப்ப இல்லை. புதன்கிழமைதான் ஆக்களைப் பாக்கிறது. போயிட்டு வாங்கோ."

"இண்டைக்குப் புதன்தானே மிஸ்," என்றேன். அந்த 'மிஸ்' எப்படி என் வாயில் வந்ததென்று தெரியாது. பின்வரிசையில் யாரோ மேசையில் தட்டிச் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. "உங்கட வீட்டுக்கு நான் ரெண்டு தரம் வந்தனான். பூட்டிக் கிடந்தது. நீங்கள் அங்க இருக்கிறேல்லை. வேற எங்கயோ இருந்துகொண்டு, வீடு எடுக்கிறதுக்காக ஒரு கொட்டிலைப் போட்டு வைச்சிருக்கிறீங்கள்."

"எந்த நாள் வந்தனீங்கள்?" என்று கேட்டேன். கேட்கவேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை. அந்த இடத்தில் நின்றால் வேறு எதைக் கேட்பது?

"எந்த நாளெண்டு உங்களுக்கு ஏன் சொல்லோணும்? நீங்களோ உத்தியோகத்தர், நானோ?"

அது என் வசனம். என் குரல். 'நானோ' என்பதை நான் இழுக்கிற மாதிரியே இழுத்தாள். என்னோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அதை அடையாளம் கண்டார்கள். சிரிப்பு நின்றுபோனது. வளவாளருக்கு மட்டும்தான் அது இன்னும் நடிப்பாக இருந்தது.

"சேர், இது நடிப்பில்லை," என்று அவர் பக்கம் திரும்பினேன். "இவ என்னைப் பழிவாங்குறா."

"அருமை!" என்றார் அவர். "இந்தக் கோபத்தைத்தான் நாங்கள் கதைக்கோணும். இருங்கோ, இருங்கோ." மார்க்கர் பேனையைத் திறந்து தாளில் 'அதிகாரம்' என்று எழுதத் தொடங்கினார்.

"எழுதுறதை நிப்பாட்டுங்கோ," என்று கத்திவிட்டு வெளியே போனேன்.

மண்டபத்துக்குப் பின்னால் ஒரு குழாய் இருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவ்வளவு மடைச்சியாக இருந்திருக்கிறேன்.

"ஒரு தரம்தான் வந்தனீங்கள்," என்றாள் மெதுவாக. "என்ர முன்வீட்டு மனுசி கால் ஏலாதவ. நாள் முழுக்க வாசல்லதான் இருக்கிறவ. ஒரு தரம் ஆட்டோவில வந்தனீங்களாம். இறங்கவும் இல்லையாம்."

"அவ பொய் சொல்லுறா."

"சரி," என்றாள் அவள். குழாயைத் திறந்து கையை நனைத்தாள். விரல் நுனிகள் வெளிறி வெடித்திருந்தன. "உங்களுக்குத் தெரியும்தானே."

எனக்குத் தெரியும். அன்று மழை. ஒழுங்கைக்குள் வடிகான் நிரம்பித் தண்ணீர் ஓடியது. ஆட்டோவுக்குள் இருந்தபடியே பூட்டைக் கண்டேன், திரும்பிவிட்டேன். படிவத்தில் இரண்டு வருகைக்கும் இரண்டு கட்டங்கள் உண்டு. இரண்டாம் கட்டத்தை ஒரு கிழமை கழித்து அலுவலகத்தில் இருந்துகொண்டே நிரப்பினேன். அப்படி நிரப்பியது நான் மட்டும் இல்லை. அந்த நினைப்பில்தான் அதுவரை நிம்மதியாக இருந்தேன்.

நான்காம் நாள் கள விஜயம். குழுப் பிரித்தபோது வளவாளர் என்னை வேண்டுமென்றே அவளுடைய ஒழுங்கைக்குப் போட்டார். "இது உங்களுக்கு ஒரு நல்ல சந்தர்ப்பம்," என்று காதருகில் வந்து சொன்னார். அவரை அந்த நிமிடத்தில் கடலுக்குள் தள்ளியிருப்பேன்.

அவள் லீவு போட்டுவிட்டுத் தன் வீட்டுப் படலையடியில் நின்றாள். எங்கள் குழு நான்கு பேர்; வளவாளரும் கூட வந்திருந்தார்.

"மூண்டு பேரும் வாங்கோ. இவ வரக்கூடாது."

வளவாளர் சிரித்தார். "அக்கா, இது ஒரு பயிற்சிதானே..."

"உங்களுக்குப் பயிற்சி. எனக்கு வீடு."

அவர்கள் மூவரும் உள்ளே போனார்கள். வளவாளர் அடுத்த குழுவைப் பார்க்கப் போய்விட்டார். நான் வெயிலில் நின்றேன். எதிரே, ஒரு பிளாஸ்டிக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு ஒரு மனுசி இருந்தாள். என்னை உற்றுப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

"ஆட்டோவில வந்த மிஸ் நீங்கள்தானே?"

நான் வேலிப் பக்கம் திரும்பினேன்.

"இண்டைக்கு இறங்கிட்டீங்கள்," என்றாள்.

ஒழுங்கையில் நின்றபடியே பார்க்கக்கூடியதை எல்லாம் அன்று பார்த்தேன். வேறு வேலை இருக்கவில்லை. கொடியில் இரண்டு வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டைகள். மலசலகூடத்துக்குக் கதவாகச் சாக்கு. குசினிப் பக்கத் தகரம் மேலிருந்து கீழ்வரை புகைக் கரியால் கறுத்திருந்தது. வருடக்கணக்கில் அடுப்பு எரிந்தால்தான் தகரம் அப்படிக் கறுக்கும். ஆட்டோவிலிருந்து இறங்கி வேலியோரம் இரண்டு நிமிடம் நின்றிருந்தாலே போதும். வெட்கம் வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வந்தது கோபம். அவள் சொன்னது சரியாக இருந்ததற்காகவே அவளை வெறுத்தேன்.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தார். "அவ இஞ்சதான் இருக்கிறா. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்," என்றார். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "அதுக்காக நீங்கள் ஒண்டையும் கிளறவேண்டாம்," என்றார்.

பயிற்சி முடிந்து சான்றிதழ் கொடுத்தார்கள். அதன்பின் சில கிழமைகள் எங்கள் ஆட்களில் எவர் என் மேசைக்கு வந்தாலும், "மிஸ், இருக்கலாமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் கதிரையை இழுத்தார்கள். குழு எழுதிய அறிக்கை மேலதிகாரியிடம் போயிருந்தது. அவர் பழைய கோப்பைத் திரும்பப் பார்க்கச் சொன்னார். நான் வழக்கமான முறையில் ஒரு கடிதம் தயாரித்தேன்: 'மேலதிகத் தகவல்கள் கிடைக்கப் பெற்றதால் விண்ணப்பதாரியின் வதிவிடம் உறுதிப்படுத்தப்படுகிறது.' யாருக்கும் காயம் இல்லாத வசனம். கையெழுத்து வைக்க அவளை அழைத்தோம்.

அவள் வந்து கடிதத்தை எழுத்து எழுத்தாக வாசித்தாள். நான் கதிரையைக் காட்டினேன். அவள் இருக்கவில்லை.

"நீங்கள் ஒரு தரம்தான் வந்தனீங்கள் எண்டு இதில இல்லையே."

"அது தேவையில்லை. உங்களுக்கு வீடு வேணுமோ, வேண்டாமோ?"

"வேணும். அதுவும் வேணும்."

"அதை எழுதினா எனக்கு விசாரணை வரும்."

"வரட்டும். நான் ரெண்டு மாரி மழையும் ஒழுக்குக்குள்ள இருந்தனான்."

"நீங்கள் கையெழுத்து வைக்காட்டி இது இப்பிடியே கிடக்கும்."

"கிடக்கட்டும். நான் இஞ்ச நிக்கிறன்."

நின்றாள். பக்கத்து மேசைகளில் தட்டச்சுச் சத்தம் ஓய்ந்துவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரம் ஆகியும் ஒருவரும் எழும்பவில்லை. மனச்சாட்சி உறுத்தி எழுதினேன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். உண்மை அது இல்லை. அவளுடைய முகம் என் மேசைக்கு முன்னாலிருந்து போகவேண்டும், அவ்வளவுதான். கடிதத்தின் அடியில் பேனையை அழுத்தி எழுதினேன்: 'இரண்டாம் தடவை நான் செல்லவில்லை. சென்றதாகப் படிவத்தில் எழுதியது பிழை.' தாள் ஓரிடத்தில் கிழிந்தது. அவள் அதையும் வாசித்தாள், கையெழுத்து வைத்தாள், போனாள்.

விசாரணை வந்தது. விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று என் சுயவிவரக் கோப்பில் ஏறியது. நகரப் பிரிவை என்னிடமிருந்து எடுத்துவிட்டு, குடாவுக்கு அந்தப் பக்கம் கட்டைபறிச்சானும் சுற்றியுள்ள ஊர்களும் தந்தார்கள். அதெல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, என் ஆட்களின் கோபம். அந்த ஒரு வசனத்துக்குப் பிறகு எல்லோருடைய கோப்புகளிலும் இரண்டாம் கட்டத்தைச் சரிபார்க்கத் தொடங்கினார்கள். எட்டு நிராகரிப்புகள் திரும்பத் திறக்கப்பட்டன. தொழில்நுட்ப உத்தியோகத்தர் தன் சாப்பாட்டுப் பெட்டியை வேறு மேசைக்குக் கொண்டுபோனார்.

"உங்கட கோபத்தில நீங்கள் எழுதினீங்கள். எங்கட பைலை ஏன் கிண்ட வைச்சீங்கள்?" என்று கேட்டார்.

"நீங்களும் போகாமத்தானே எழுதினீங்கள்," என்றேன்.

அதோடு பத்து வருடப் பழக்கம் முடிந்தது. இன்றுவரை என்னைக் கண்டால் வேறு பக்கத்தால் போகிறார்.

அவளுக்கு அடுத்த பட்டியலில் வீடு கிடைத்தது. அந்தக் கோப்பை வேறொருவர் பார்த்தார். நான் வேலைக்குப் போகும் பஸ் அவளுடைய ஒழுங்கைமுனையால் போவதால் அதிலிருந்து எனக்குத் தெரிந்தது: முதலில் அத்திவாரம், பிறகு யன்னல் மட்டம், மாரிக்கு முன் கூரையும் ஏறிவிட்டது. ஒருநாள் மீன் சந்தையில் நேருக்கு நேர் வந்தாள். என்னைக் கண்டதும் திரும்பி நின்றுகொண்டு சூடை மீனைக் கிளறத் தொடங்கினாள். நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது? எனக்கு அவளை இன்றும் பிடிக்காது. அவளுக்கு என்னைப் பிடிக்கவேண்டிய தேவையும் இல்லை.

இப்போது நான் வீடு பார்க்கப் போவது ஞாயிற்றுக்கிழமைகளில். முதல் பஸ்ஸில் கிண்ணியாப் பாலம் தாண்டிப் போய் இறங்கினால், கடலுக்கும் வயலுக்கும் போகிறவர்கள் அன்றைக்கு வீட்டில் இருப்பார்கள். சனங்களுக்கு அது பிடிக்கவில்லை. போன மாதம் கட்டைபறிச்சானில் ஒருவர் வாயில் பற்பசை நுரையோடு கிணற்றடியிலிருந்து வந்து, "ஞாயிற்றுக்கிழமையும் மனுசரை விடமாட்டீங்களோ?" என்று ஏசினார். நாயைக் கட்டச் சொன்னதற்கும் ஏசினார்.

"வாயைக் கழுவிட்டு வாங்கோ," என்றேன். "நான் உள்ளுக்கு வந்து பாக்கோணும்."