ஸ்டோர் ரூமில் பதினைந்து நிமிடம்

தலைமையாசிரியர்கள் சங்கத்தில் அவருக்கு என்ன பதவி என்று கேட்டால் சங்கத்துக்காரர்களே கொஞ்சம் முழிப்பார்கள். தலைவர் இல்லை, செயலாளர் இல்லை, பொருளாளரும் இல்லை. ஒரு தலைமையாசிரியர் மேல் புகார் வந்து கல்வி அலுவலகம் விசாரணைக்குக் கூப்பிட்டால், கூடப் போய்ப் பக்கத்தில் உட்காருவது அவர் வேலை. விசாரணை அறையில் மேசைக்கு இந்தப் பக்கம் இரண்டு நாற்காலி போட்டிருப்பார்கள். முதலாவதில் புகாருக்கு ஆளானவர். இரண்டாவதில் இவர். அதனால் 'ரெண்டாம் நாற்காலி' என்றே பெயராகிவிட்டது. முகத்துக்கு நேரே எல்லாரும் 'சார்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால், "நாற்காலி வந்தாச்சா?" என்று விசாரிப்பார்கள். அவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

கூட வருபவர் பதில் சொல்லக் கூடாது என்பது விதி. கேள்வி புரியவில்லை என்றால் திரும்பக் கேட்கச் சொல்லலாம். பத்து நிமிடம் இடைவேளை கேட்கலாம். மற்றபடி வாய்க்குப் பூட்டுதான். இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்று யாருக்கும் தோன்றும். அவர் அந்தப் பத்து நிமிடத்தை வைத்தே பிழைப்பு நடத்தினார். பக்கத்தில் இருப்பவர் உளறப் போகிறார் என்று மூக்கில் வியர்த்ததும் கையைத் தூக்கிவிடுவார். வராந்தாவுக்குக் கூட்டிப் போய்த் தண்ணீர் வாங்கிக் கொடுத்து ஒரே ஒரு வாக்கியம் சொல்வார்: "கேட்டதுக்கு மட்டும் பதில்." தலைமையாசிரியர்களுக்கு அது லேசுப்பட்ட காரியம் இல்லை. தினமும் காலையில் ஐந்நூறு பிள்ளைகளை நிற்கவைத்துப் பேசிப் பழகினவர்கள். ஒரு வரி கேட்டால் ஒன்பது வரி சொல்வார்கள். மிச்சம் எட்டு வரியில்தான் வேலை போகும்.

பத்தொன்பது வருடத்தில் நூற்று நாற்பது விசாரணைக்கு மேல் போயிருக்கிறார். பதவி பறிபோனவர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். அதில் அவருக்குப் பெருமை உண்டு. இல்லை என்று சொன்னால் அது பொய்.

அதற்கு முன்னால் அவர் ஒரு பள்ளி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். மனைவி வேறொரு பள்ளியில் தலைமையாசிரியை. மனைவி மேல் ஒரு புகார் வந்தபோது அந்த அம்மாள் தனியாகத்தான் விசாரணைக்குப் போனார். கூட ஒருவரை அழைத்து வரலாம் என்று விதியில் இருப்பதே யாருக்கும் தெரியாது. இவர் வாசலில் நின்றார். மூன்று மணி நேரம் கழித்து வெளியே வந்த மனைவி, வீட்டுக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னார். அந்த வாரமே பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது வீட்டிலிருந்தபடி பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறார். அன்றைக்கு வாசலில் நின்றபோது வந்த கோபம் இவருக்கு இன்னும் அடங்கவில்லை. அந்தக் கோபம்தான் அவரைச் சங்கத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

இந்தத் தடவை வந்தது ஒரு தொடக்கப் பள்ளி டீச்சரின் விவகாரம். அறுநூற்றுச் சொச்சம் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. ஏழு வருடமாக அவர்தான் தலைமையாசிரியை. துணைத் தலைமையாசிரியர் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. டீச்சர் மூன்று கடிதம் எழுதினார். 'பரிசீலனையில் உள்ளது' என்று மூன்று பதில் வந்தது, எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி.

நடந்தது இதுதான். வாசல் காவலாளிக்குக் காய்ச்சல். கேட் சாவி டீச்சர் கையில். மதியம் இரண்டு மணிக்குப் பாடப்புத்தக வேன் வந்தது. திறந்துவிட்டார், கையெழுத்துப் போட்டார், வேன் போனதும் கேட்டைச் சாத்தினார். தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. புத்தகக் கட்டுகளோடு ஸ்டோர் ரூமுக்குள் போனவர் பதினைந்து நிமிடம் கழித்துத்தான் வெளியே வந்தார். அதற்குள் முதல் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பையை மாட்டிக்கொண்டு கேட்டைத் தள்ளித் தெருவுக்குப் போய்விட்டாள். இரண்டு தெரு தள்ளி, பஸ் நிறுத்தத்தில் பழம் விற்கிற அம்மாள் அவளைப் பிடித்து உட்காரவைத்துக்கொண்டதால் தப்பித்தது. முக்கால் மணி நேரம் பள்ளியே அல்லோலகல்லோலப்பட்டது. பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் பெற்ற வயிறு சும்மா இருக்குமா? தாய் புகார் எழுதினாள். அவள் மேல் தப்புச் சொல்ல யாராலும் முடியாது.

கேள்வி ஒன்றுதான். அந்தப் பதினைந்து நிமிடம் தலைமையாசிரியை என்ன செய்துகொண்டிருந்தார்? அதற்கு வரும் பதிலில் பதவி நிற்கும், அல்லது போகும்.

விசாரணைக்கு நான்கு நாள் முன்னால் ரெண்டாம் நாற்காலிக்காரர் பள்ளிக்குப் போனார். ஸ்டோர் ரூமைத் திறந்து பார்த்தார். கால் உடைந்த பெஞ்சுகள், அச்சு கழன்ற ஒரு பூமி உருண்டை, சுவரோரம் புத்தகக் கட்டுகள். மூலையில் ஒரு பெஞ்சில் மட்டும் தூசி இல்லை. அவர் குமாஸ்தாவாக இருந்தவர். தூசியைப் பார்த்தே கோப்பு எப்போது எடுத்தது என்று சொல்லிவிடுவார்.

"தினமும் இங்க வந்து உட்காருவீங்களா டீச்சர்?"

டீச்சர் மறைக்கவில்லை. தினமும் மதியம் பத்து நிமிடம் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவாராம். அழுவதில்லை, தூங்குவதில்லை, போன் பார்ப்பதில்லை. யாரும் 'டீச்சர்' என்று கூப்பிடாத பத்து நிமிடம் கிடைக்காவிட்டால் சாயந்திரம் வரை தாங்காது. அன்றைக்குக் கட்டுகளை அடுக்க ஐந்து நிமிடம் ஆனது. மீதி பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். சாவி மடியில் இருந்தது.

இவருக்கு நிம்மதியாகிவிட்டது. புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னால் போதும், அது பொய்யும் இல்லை, வேன்காரரின் ரசீது இருக்கிறது, எத்தனை நிமிடம் அடுக்கினீர்கள் என்று எந்த அதிகாரியும் கேட்கமாட்டார் என்றார். ஒரு கண்டனக் கடிதத்தோடு போய்விடும். டீச்சர் தலையாட்டவில்லை. வேறொன்று கேட்டார். நீங்கள் கூடப் போன மற்றவர்களும் இப்படி எங்கேயாவது போய் உட்காருகிறவர்கள்தானா?

பெயர் சொல்லாமல் அவர் அடுக்கினார். மொட்டை மாடிப் படிக்கட்டு. ஆய்வுக்கூடத்தின் பின்பக்கம். ஒருவர் தன் காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு. இன்னொருவர், பாவம், கழிப்பறையில். போன நூற்று நாற்பது விசாரணையில் முக்கால்வாசிப் பேருக்கு இப்படி ஒரு இடம் உண்டு என்றார்.

"அவங்கள்ல ஒருத்தராவது விசாரணையில அதைச் சொன்னாங்களா சார்?"

"நான் சொல்ல விடல."

பெருமையாகத்தான் சொன்னார். டீச்சர் மெதுவாக, பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற குரலில் சொன்னார்.

"அப்ப நூத்தி நாப்பது பைல்ல ஒண்ணுலகூட இது இல்ல. ஆள் வேணும்னு நான் எழுதினா, வேற யாரும் இப்படிச் சொல்லலையேன்னுதானே நினைப்பாங்க?"

அவருக்குச் சுருக்கென்றது. வேலை போனால் என்ன செய்வீர்கள், வீட்டுக்கடன் இருக்கிறதா, பிள்ளைகள் படிக்கிறார்களா என்று வழக்கமாகக் கேட்பதையெல்லாம் கேட்டுப் பேச்சை மாற்றினார். யோசித்துச் சொல்கிறேன் என்றார் டீச்சர்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி மேசை நிறைய அச்சுத்தாள்களைப் பரப்பிவைத்துச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். விசாரணை விஷயங்களை வீட்டில் பேசுவது இவர் வழக்கமில்லை. அன்றைக்குப் பேசினார். பேசிவிட்டு, ஏதோ ஞாபகம் வந்தவர்போல, உனக்கும் அப்படி ஒரு இடம் இருந்ததா என்று கேட்டார்.

"தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி," என்றார் மனைவி, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "கடைசி பீரியடுக்கு முன்னாடி. தினமும்."

இருபத்தெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீர்த் தொட்டி அவருக்குப் புதிது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"அன்னிக்கு உள்ள அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். அது இங்க தேவையில்லைம்மான்னு சொல்லிட்டாங்க. அப்புறம் எனக்கே அது தேவையில்லாத விஷயமாப் போயிடுச்சு."

அவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டார். மனைவி மேல் வருத்தம், தன் மேல் அதைவிட வருத்தம். கழுவின பிறகும் அது போகவில்லை.

விசாரணை அன்று காலை பதினொரு மணி. அறையில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஓரத்தில் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்ய ஒரு பெண். அதிகாரி முன்பு தலைமையாசிரியராக இருந்தவர்தான். மரியாதை தெரிந்தவர், குரலை உயர்த்தாதவர். அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு வந்தபோது, புத்தகங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தீர்களா என்று அவரே வழி காட்டிக் கேட்டார். ஆமாம் என்ற ஒரு சொல்லோடு எல்லாம் முடிந்திருக்கும்.

டீச்சர் முழுவதையும் சொன்னார். ஐந்து நிமிடம் அடுக்கியதை, பத்து நிமிடம் உட்கார்ந்திருந்ததை, அது தினமும் நடப்பதை. காவலாளி இல்லாத நாளில் கேட், சமையலாள் வராத நாளில் அடுப்பு, ஆசிரியர் வராத நாளில் வகுப்பு, எல்லாம் ஒரே ஆள் என்பதை. தாழ்ப்பாளைச் சரியாகப் போடாதது தன் தப்புத்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

இவர் கை பழக்கத்தில் பாதி தூரம் எழும்பிவிட்டது. அதிகாரியும் அதைப் பார்த்துவிட்டு, இடைவேளைக்குத் தயாராகப் பேனாவை மூடினார். இவர் கையைத் தானே இறக்கினார். டீச்சர் முடிக்கும் வரை அசையவில்லை.

முடிந்ததும் அதிகாரி தட்டச்சுப் பெண்ணிடம் திரும்பினார். "தாழ்ப்பாள் போடலைங்கறதை மட்டும் எடுத்துக்கோம்மா. மத்தது தேவையில்லை."

அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. டீச்சருக்கு நல்லது செய்வதாகக்கூட அவர் நினைத்திருக்கலாம். ஆனால் விதியில் இன்னொரு வரியும் உண்டு. சொன்னது சொன்னபடி பதிவாகவில்லை என்றால் கூட வந்தவர் கேட்கலாம். அந்த வரியை இத்தனை வருடத்தில் தேதியோ தலைப்பெழுத்தோ தப்பானால் திருத்தத்தான் அவர் பயன்படுத்தியிருந்தார். இப்போது எழுந்து நின்றார். உட்கார்ந்தபடியே கேட்கலாம், ஆனாலும் எழுந்தார்.

"ஐயா, டீச்சர் சொன்னது முழுக்கப் பதிவுல வரணும். ஒரு வரிகூட விடாம."

"யோசிச்சுத்தான் கேக்குறீங்களா? இது அவங்களுக்குத்தான் பாதகம்."

அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தலையசைத்தார். "யோசிச்சுத்தான்," என்றார் இவர்.

தட்டச்சுப் பெண் முதலிலிருந்து கேட்டாள். டீச்சர் திரும்பச் சொன்னார். இரண்டரைப் பக்கம் வந்தது. அதைப் படித்துப் பார்த்து டீச்சர் கையெழுத்துப் போட்டார். கீழே இவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

ஆறு வாரத்தில் உத்தரவு வந்தது. தலைமையாசிரியைப் பொறுப்பிலிருந்து டீச்சர் நீக்கப்படுகிறார். வேறு பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியையாகச் சேர வேண்டும். அதே உத்தரவின் கடைசிப் பத்தியில், வாக்குமூலத்தில் சொல்லப்பட்டதைக் கருதி அந்தப் பள்ளிக்கு உடனே ஒரு துணைத் தலைமையாசிரியரை நியமிக்கும்படி எழுதியிருந்தது. சங்கத்தில் இவரை நேரில் யாரும் குறை சொல்லவில்லை. இரண்டு பேர் மட்டும், அடுத்த விசாரணைக்கு வேறு ஆள் கிடைப்பாரா என்று செயலாளரிடம் கேட்டதாகக் கேள்வி. இன்னொருவர், கழிப்பறைக்காரர், போன் பண்ணி, தானும் எழுதிக் கொடுக்க வேண்டும், எப்படி எழுதுவது என்று கேட்டார்.

ஒரு மாதம் பொறுத்து டீச்சரைப் பார்க்கப் போனார். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மணி அடிக்கும் வரை வராந்தாவில் நின்றார். எப்படி மன்னிப்புக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தார். கையில் சாக்பீஸ் தூளோடு டீச்சர் வெளியே வந்தார். அவரை வாய் திறக்க விடவில்லை.

"அங்க ஆள் சேர்ந்தாச்சா சார்?"

"போன திங்கக்கிழமை சேர்ந்துட்டாங்க. கேட் சாவி அவங்ககிட்டதான் இருக்கு."

டீச்சர் சிரித்தார். முகம் முழுக்கச் சிரித்தார். பதவி தப்பித்து வெளியே வந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களை இவர் பார்த்திருக்கிறார். இப்படிச் சந்தோஷப்பட்ட முகம் அதில் ஒன்றுகூட இல்லை. புதிதாக வந்தவர் பேர் என்ன, பிள்ளைகளோடு நன்றாகப் பழகுகிறாரா என்று டீச்சர் கேட்டுக்கொண்டே போனார். அவர் தெரிந்ததையெல்லாம் சொன்னார், கேட்டதற்கு மேலேயும் சொன்னார்.