சிஸ்பா தொடாத தட்டு

அர்த்தேமியோ ஒயார்சோ ஓய்வு பெற்ற பின், உலகின் தென்கோடியில், நீரிணைக் கரையிலுள்ள பொர்வெனீர் ஊரில், தகரக் கூரை வேய்ந்த சிறு வீடொன்றில் தனியாக வாழ்ந்துவந்தார். தியெரா தெல் ஃபுவேகோ தீவின் பெரும் பண்ணைகளில் ஆடு மேய்த்தே அவருடைய ஆயுளின் பெரும்பகுதி கழிந்திருந்தது. அந்த வேலையில் இருப்பவன், மாதக்கணக்கில் மனித முகம் பாராமல், ஓரறைக் குடிசையில் குதிரையோடும் நாய்களோடும் காலம் தள்ளுவான். அந்தத் தனிமை அவரை ஒருபோதும் வருத்தியதில்லை. சுற்றிலும் வீடுகளும் விளக்குகளும் பேச்சொலியுமாக இருக்கும் ஊரின் நடுவே வாய் திறக்க ஆளில்லாமல் இருப்பதுதான் அவருக்குப் பழகவில்லை.

மனைவி எர்மித்தா இறந்ததிலிருந்து சாப்பாட்டு மேசை பயனற்றுப் போயிற்று. பழைய செய்தித்தாள்கள், ஆணிப் பெட்டி, தைக்க வேண்டிய காலணி என்று ஒவ்வொன்றாக அதன்மேல் ஏறிக்கொண்டன. அவர் அடுப்பருகே நின்றபடி, சட்டியிலிருந்தே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்.

கிறிஸ்துமஸ் வாரத்தின் தொடக்கத்தில் ரொசமேல் வந்தான். அவர் கடைசியாக வேலை பார்த்த பண்ணையில் இப்போது ஆடு மேய்ப்பவன் அவன். அவனோடு கறுப்பும் வெள்ளையுமான ஒரு பெண் நாய் நின்றது. நின்றது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அதன் காது, மூக்கு, வால் எல்லாம் தனித்தனியே ஓடிக்கொண்டிருந்தன.

"சிலோயே தீவுக்குப் போறேண்ணே. அம்மாவைப் பார்த்து ரொம்ப நாளாச்சு. சிஸ்பாவை பஸ்ல ஏத்த மாட்டேங்கிறாங்க. புது வருசம் பொறந்ததும் வந்து கூட்டிக்கிறேன். ஆட்டு மயிர் வெட்டுற காலம் நெருங்குது, இவ இல்லேன்னா நான் கையில்லாதவன்."

"விட்டுட்டுப் போ. நாயை எப்படிப் பாத்துக்கணும்னு எதாச்சும் சொல்லணுமா?"

"உங்களுக்குப் போய் நான் சொல்றதா! நல்லா கேட்டீங்க."

ஆடு மேய்ப்பவன் ஒருவன் மற்றொருவனுக்கு நாயைப் பற்றி விளக்குவது அந்தத் தொழிலில் மரியாதைக் குறைவு. ஆகவே அவன் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

சிஸ்பா தேர்ந்த வேலைக்காரி. உட்கார் என்றால் உட்காரும். படு என்றால் நிழல்போலத் தரையில் ஒட்டிக்கொள்ளும். வேலைதான் இல்லை. வந்த அன்றே வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டுத் தானிட்சாவின் கோழிகளை ஒரு மூலையில் திரட்டி, ஓர் இறகும் உதிராமல் காவல் நின்றது.

"அண்ணே! என் கோழிங்களையெல்லாம் யாரு மாநாட்டுக்குக் கூப்பிட்டது?" என்று அந்த அம்மாள் வேலிக்கு அப்பாலிருந்து கத்தினாள்.

"தலைவி இங்க இல்லம்மா, அங்கதான் நிக்கிறா. மன்னிச்சுக்கோ!"

நெடுநாளைக்குப் பின் தம் சிரிப்பைத் தாமே கேட்டு அவர் சற்றுத் திடுக்கிட்டார்.

அன்று மாலை வேகவைத்த ஆட்டிறைச்சியை ஒரு தகரத் தட்டில் இட்டு நாயின் முன் வைத்தார். அது தட்டைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, எச்சில் ஒழுக அசையாமல் அமர்ந்திருந்தது. தின்னு என்றார். எடுத்துக்கொள் என்றார். நகரவில்லை. மறுநாளும் அப்படியே. தண்ணீர் மட்டும் குடித்தது.

"ரகசிய வார்த்தை எதாச்சும் வெச்சிருப்பான்," என்றாள் தானிட்சா. "நரிக்கு வைக்கிற விஷக்கறியைத் தின்னுடக் கூடாதுன்னு அப்படிப் பழக்குவாங்களாம். எங்க வீட்டுக்காரர் சொல்லுவார்."

இருவரும் தமக்குத் தெரிந்த வார்த்தைகளையெல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். புனிதர்களின் பெயர்கள், கால்பந்துக் குழுக்களின் பெயர்கள், ரொசமேலின் தாயார் பெயர்.

"அவன் காதலி பேரைச் சொல்லிப் பாருங்கண்ணே."

"அவனுக்கு ஏதும்மா காதலி? அந்தக் குடிசைக்கு எவ வருவா?"

"அதுவும் சரிதான். வந்தா, நாய்க்கு மிஞ்சினதுதான் அவளுக்கு."

ரொசமேலின் தாயார் வீட்டில் தொலைபேசி கிடையாது. நாய் மெலிவது கண்ணுக்குத் தெரிந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் கோழிகள் வேலியோரம் மேய்ந்தபோது தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டது. ஆயுள் முழுதும் நாய்களோடு வாழ்ந்தவன் வீட்டில் ஒரு நாய் பட்டினியால் சாவதா? ரொசமேலிடம் எந்த முகத்தோடு பேசுவது?

அன்று பிற்பகல் நீரிணைக்கு அப்பால் புந்தா அரேனாஸிலிருந்து மகள் மார்லெனே தொலைபேசியில் அழைத்தாள்.

"அப்பா, காத்து பலமா இருக்கு. நாளைக்குக் கப்பல் ஓடாதாம். நாங்க அவர் வீட்டாரோட இருந்துடறோம். கோவிச்சுக்காதீங்க."

"காத்துக்கு நீ என்னம்மா பண்ணுவே?"

"தனியாவா இருக்கீங்க?"

"நாய் இருக்கு," என்றார்.

அவளுக்காக வாங்கிய ஆட்டுத் தொடை வீட்டில் இருந்தது. கிறிஸ்துமஸ் அன்று நண்பகலில் அதை அடுப்பில் சுட்டெடுத்தார். தானிட்சா உலர்பழ ரொட்டி கொடுத்துவிட்டு, "மகன் வீட்டுக்குப் போறேன், நீங்களும் வாங்களேண்ணே," என்றாள். நாயை இந்த நிலையில் விட்டுவர மனமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

சிஸ்பாவின் தட்டில் எலும்போடு ஒரு துண்டை இட்டார். அது தொடவில்லை. முழுத் தொடையை அடுப்பருகே நின்றபடி அறுத்துத் தின்ன முடியாது. வேறு வழியின்றி மேசையிலிருந்த செய்தித்தாள்களையும் ஆணிப் பெட்டியையும் காலணியையும் அகற்றினார், துடைத்தார், நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். பசியில்லாவிட்டாலும் ஒரு துண்டை அறுத்து வாயிலிட்டார்.

எலும்பு நொறுங்கும் ஓசை கேட்டது.

அவர் துள்ளி எழுந்தார். ஓசை நின்றது, சிஸ்பா வாயை எடுத்துவிட்டு அவரையே பார்த்தது. மெல்ல அமர்ந்தார். அசையவில்லை. ஒரு வாய் உண்டார். நாய் குனிந்து, விட்ட இடத்திலிருந்து தின்னத் தொடங்கியது.

வார்த்தை ஏதும் இல்லை. ரொசமேலின் குடிசையில் ஆளும் நாயும் சேர்ந்துதான் உண்பார்கள். ஆள் உட்கார்ந்து முதல் வாய் வைக்கும்வரை நாய் பொறுத்திருக்கும். இத்தனை நாளும் தட்டருகே நின்று அதட்டியதும், அடுப்பருகே நின்று விழுங்கியதும் அதன் கணக்கில் சாப்பாடாகவே சேரவில்லை.

"மெதுவாத் தின்னுடி," என்றார். "இன்னும் நிறைய இருக்கு."

அன்றிலிருந்து வேளை தவறாமல் மேசைக்கு வந்தார். நாய்க்காக என்றே நினைத்துக்கொண்டார். காலடியில் அதற்குக் கம்பளி விரித்து, தட்டு வைத்து, மார்லெனே சிறுமியாக இருந்தபோது செய்த குறும்புகளைச் சொல்லிக்கொண்டே உண்டார். உடலில் தெம்பு ஏறியதும் சிஸ்பா மறுபடியும் கோழி மாநாடுகளைக் கூட்டியது. கடற்கரையில் காற்றுக்கு எதிராக அது ஓட, தொப்பியைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தார்.

புத்தாண்டு கழிந்து ரொசமேல் பண்ணை வண்டியில் வந்து இறங்கினான். சிஸ்பா அவன் மார்புவரை எம்பிக் குதித்தது.

"சாப்பிட்டாளாண்ணே?"

"நல்லாச் சாப்பிட்டா."

அவன் நெற்றியில் அறைந்துகொண்டான். "பாதி வழியிலதான் ஞாபகம் வந்துச்சு. ஆளு உக்காந்து ஒரு வாய் வைக்காம இவ தொட மாட்டா. பஸ்ஸை விட்டு எறங்கிடலாமான்னு பார்த்தேன். அப்புறம், அட, இதுக்கு என்ன, மனுசன் உக்காந்துதானே சாப்பிடுவான், நின்னுக்கிட்டா சாப்பிடப் போறான்னு விட்டுட்டேன்."

"ஆமா," என்றார் அர்த்தேமியோ. "யாரு நின்னுக்கிட்டு சாப்பிடுவா?"

ரொசமேல் ஒரு சீழ்க்கை அடித்தான். சிஸ்பா வண்டியின் பின்பக்கம் தாவி ஏறியது. பழக்கப்பட்ட நாய்; சீழ்க்கைக்குப் பின் அது திரும்பிப் பார்ப்பதில்லை.

அவர் உள்ளே வந்து சூப்பைச் சுடவைத்தார். கரண்டியோடு அடுப்பருகே சிறிது நேரம் நின்றார். பின்பு தட்டில் ஊற்றி, மேசைக்குக் கொண்டுபோய், நாற்காலியில் அமர்ந்தார். ஆவி அடங்கும்வரை கரண்டியைத் தொடவில்லை. வேறு யாரோ முதல் வாய் வைக்கட்டும் என்று பொறுத்திருப்பவர் போல இருந்தார்.