ஜூஸ் கொம்பனிக்காரி

ஆறு வருடமாகச் சுஜாந்தினி சபைக்குச் சொல்லி வந்தது ஒரே ஒரு பொய். அதையும் அவள் யோசித்துச் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது, "புது வேலை எங்கை பிள்ளை?" என்று மாக்கிரட் அக்கா கேட்டார். "ஒரு ஜூஸ் கொம்பனியிலை அக்கா. தாங்கி கழுவிற வேலை" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். வேறு என்ன சொல்வது? டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரத் தமிழ்ப் பெந்தெகொஸ்தே சபையில், ஐஸ்கிறீமில் றம் வாசம் வந்தால் கிண்ணத்தைத் தள்ளி வைக்கிற மாக்கிரட் அக்காவின் முகத்துக்கு நேரே, "பியர் காய்ச்சிற இடத்திலை" என்று சொல்ல முடியுமா?

மாக்கிரட் அக்கா ஜெபக் குழுவுக்குத் தலைவி. ஒரு விஷயம் அவருடைய காதில் விழுந்தால் அதற்கு ஒரு பயன் கண்டுபிடிக்காமல் விடமாட்டார். அடுத்த வாரமே, "எங்கட பிள்ளை ஜூஸ் கொம்பனியிலை நிக்கேக்கை நாங்கள் ஏன் கடையிலை வாங்கோணும்?" என்று, திருவிருந்துக்குத் திராட்சை ரசம் கொண்டுவரும் பொறுப்பைச் சுஜாந்தினியின் தலையில் கட்டிவிட்டார். அன்று தொடக்கம் மாதத்தின் முதல் சனிக்கிழமை அவளுக்கு அதுவே வேலையாகிப் போனது. சபைக்காரர் யாரும் போகாத, நகரின் மற்றத் தொங்கலில் இருக்கும் கடைக்குச் சைக்கிளில் போய் ஆறு போத்தல் வாங்குவாள். கடையில் வாங்கியது தெரியாமலிருக்கச் சுடுதண்ணீரில் ஊறவிட்டு லேபலை உரிப்பாள். பிறகு பழைய துணிப்பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பாள். "லேபல் உரிக்கிறதுக்கெண்டு ஆண்டவர் உனக்கொரு தனிக் கிரீடம் வைச்சிருக்கிறார்" என்று அவளுடைய கணவன் ஜோன் சிரிப்பான். ஜோன் பஸ் ஓட்டுகிறவன், சபையில் கீபோட் வாசிப்பவன். உண்மை தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

தாங்கி கழுவப் போனவள் தாங்கி கழுவுகிறவளாகவே இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அதற்கு முன் இறைச்சித் தொழிற்சாலையில் பதினொரு வருடம் வெட்டி வெட்டித் தோள்மூட்டு தேய்ந்துபோய்த்தான், ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு பழைய கார்க் கராஜில் நிக்கலஸ் என்ற டேனிஷ்காரன் நடத்திய சின்ன மதுவடிசாலைக்குத் துப்புரவு வேலைக்கு வந்தாள். வந்து ஐந்தாவது மாதம், மூன்றாம் தாங்கியைத் துடைத்துக்கொண்டு நின்றவள் மூக்கைச் சுருக்கி, "இதிலை பட்டர் மணக்குது" என்றாள். அப்போது அங்கே காய்ச்சிக்கொண்டிருந்தவன் சிரித்தான். இரண்டு வாரத்தில், வெண்ணெய் மணக்கிறது என்று கடைக்காரர்கள் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பினார்கள். நிக்கலஸ் சிரிக்கவில்லை. அடுத்த நாளே அவளைக் கூப்பிட்டு ஒவ்வொரு தாங்கியாக மணந்து பார்க்கச் சொன்னான்.

அதற்குப் பிறகு அவள் படித்தாள். எந்தத் தானியத்தை எவ்வளவு வறுத்தால் என்ன நிறம், நொதிக்கு எந்தச் சூடு பிடிக்கும், எந்தச் சூட்டில் அது கோபிக்கும் என்றெல்லாம் படித்தாள். மொழிப் பள்ளியில் மூன்று வருடம் இருந்து ஏறாத டேனிஷ், இங்கே ஒரு வருடத்தில் ஏறிவிட்டது. ருசி பார்க்காமல் காய்ச்ச முடியாது. வாயில் விட்டுச் சுழற்றி, பக்கத்தில் வைத்திருக்கும் வாளிக்குள் துப்பிவிடுவாள். ஒரு சொட்டும் தொண்டைக்குக் கீழே இறங்கியதில்லை. காலை ஜெபத்தில் இதை அவள் கர்த்தருக்கு ஒழுங்காக அறிக்கை கொடுத்து வந்தாள். மனிதருக்குச் சொல்லாததைக் கடவுளுக்குச் சொன்னதில் அவளுக்கு ஓரளவு ஆறுதல்.

காய்ச்சுகிறவன் பெரிய சம்பளத்துக்கு ஓர்ஹூஸ் பக்கம் போய்விட, அந்த வேலை முழுக்க அவள் கைக்கு வந்தது. றை தானியத்தை வறுத்து அவள் காய்ச்சிய கறுப்புப் பியரைக் குடிக்கக் கோல்டிங் பியர் விழாவில் வரிசை வாசல் வரை நின்றது. அவள் தொப்பியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு மேசைக்குப் பின்னால் நின்றாள். என்ன சுத்தம் என்று டேனிஷ்காரர்கள் மெச்சினார்கள். கோல்டிங்கில் எத்தனை தமிழ்க் குடும்பம் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. "இதைச் செய்தது நீயா?" என்று ஒரு கிழவர் கேட்டு அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். நாற்பத்தாறு வயதுவரை அவள் செய்த எதற்காகவும் ஒருவரும் அவளுக்குக் கை கொடுத்ததில்லை. அன்று வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள்.

ஆனால் அந்தத் தொழிலில் எதுவும் ஓரிடத்தில் நிற்பதில்லை. அந்தப் பக்கமெங்கும் மழைக்கு முளைத்த காளான்போலச் சின்ன மதுவடிசாலைகள் திறந்தன. மாதத்துக்கு ஒரு புதுப் பெயர், பியர்த் தகரத்துக்கு ஒரு புதுப் படம். பிறகு ஒவ்வொன்றாகக் கை மாறின, இல்லாவிட்டால் மூடின. நிக்கலஸின் கராஜையும் ஒரு பெரிய கொம்பனி வாங்கியது. பெயரை எடுத்துக்கொண்டது, தாங்கிகளை ஏற்றிக்கொண்டு போனது, பெப்ரவரியில் கதவைப் பூட்டியது. நிக்கலஸ் ஓய்கிற ஆள் இல்லை. மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை ரயில் நிலையக் கோப்பிக்கடைக்கு அவளைக் கூப்பிட்டு, புது இடம் பார்த்துவிட்டதாகக் கைபேசியில் படம் காட்டினான்.

"கூரையைப் பார், என்ன உயரம்! லொறி உள்ளேயே வரலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் யாரோ பாட்டுப் பாட வாடகைக்கு எடுத்திருக்கிறார்களாம். அவர்களுடைய ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது."

படத்தில் ஜன்னலுக்கு ஊதாத் திரைச்சீலை தொங்கியது. அதைத் தைத்தது சுஜாந்தினி. சபை மண்டபத்துக்காகப் போன வருடம் ஈஸ்டருக்குத் தைத்தது.

நிக்கலஸ் தொடர்ந்தான். "நான் ஏற்கெனவே இரண்டு தரம் திறந்து மூடியவன். எனக்கு விற்கத் தெரியும், காய்ச்சத் தெரியாது. இந்தத் தரம் காய்ச்சும் பொறுப்பு முழுக்க உனக்கு. கதவில் உன் பெயர் இருக்கும். நீ வராவிட்டால் நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. இருபத்தெட்டாம் தேதிக்கு முன் சொல்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே பாஸ்டர் சபைக்கு விஷயத்தை அறிவித்தார். பதினாலு வருடம் இருந்த இடம். ஆண்கள் லீவு போட்டு தரைக்கு ஓடு பதித்தார்கள், பெண்கள் சுவருக்கு வர்ணம் அடித்தார்கள், பிள்ளைகளுக்குத் தனி அறை கட்டினார்கள். இப்போது வீட்டுக்காரன் அதைப் பியர் காய்ச்சுகிறவனுக்குக் கொடுக்கப் போகிறான். மாக்கிரட் அக்கா எழும்பினார். "பிரசங்க பீடம் நிக்கிற இடத்திலை சாராயத் தாங்கி வைக்கப்போறாங்கள். நாங்கள் பாத்துக்கொண்டிருக்கிறதே? மூண்டு நாள் உபவாச ஜெபம்!" சபை முழுவதும் ஆமென் என்றது. மூன்றாவது வரிசையில் இருந்த சுஜாந்தினியும் ஆமென் என்றாள். பழக்கதோஷம்.

அன்று முதல் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுத் திரைச்சீலைகளை ஒரே வாரத்தில் இரண்டு தரம் தோய்த்தாள். காய்ந்து கிடந்த சட்டியை மறுபடி கழுவினாள். சைக்கிளை எடுத்துக்கொண்டு மண்டபம் வரை போவாள், இறங்காமல் திரும்பி வருவாள், பாதி வழியில் மறுபடி போவாள். அங்கே நின்றால் அவளுடைய தலை தன்பாட்டில் கணக்குப் போட்டது: இந்த மூலையில் கொதிகலன், அந்தச் சுவரோரம் நாலு தாங்கி, தண்ணீர் ஓடக் கான் இங்கே. பிரசங்க பீடத்தைக்கூட அவள் மனதில் நகர்த்திவிட்டாள். அதை நினைத்ததும் வெட்கத்தில் காது சுட்டது. ஆனாலும் அடுத்த நாள் போய் மறுபடி நகர்த்தினாள்.

"போய் உண்மையைச் சொல்லிப்போடட்டே?" என்று குசினியில் வைத்து ஜோனிடம் கேட்டாள்.

"விசரே உனக்கு? 'ஆறு வருஷம் பொய் சொன்னனான், இப்ப உங்களை எழுப்பிப்போட்டு அதுக்குள்ளை காய்ச்சப்போறன்' எண்டு சொல்லப்போறியே?"

"அப்ப வேலையை விடட்டே?"

ஜோன் நெஞ்சிலிருந்த தழும்பைத் தடவினான். "எனக்கு நெஞ்சு வெட்டி ஒப்பரேசன் செய்தவங்கள் எல்லே. நாப்பது நாள். ஆர் சமைச்சுக் கொண்டந்தது? உந்தச் சோபாவிலை ஆர் படுத்தது? மாக்கிரட் அக்கா. நான் ஒண்டும் சொல்லேல்லை. யோசி எண்டு மட்டும்தான் சொல்லுறன்."

ஒன்றும் சொல்லவில்லையாம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கீபோட் பயிற்சி இருக்கிறது என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அவனில் அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவன் சொன்னது சரி என்பதால் வந்த கோபம் அது.

உபவாச ஜெபத்தின் மூன்றாம் நாள் மாக்கிரட் அக்கா முழங்காலில் நின்று உருகினார். தொண்டை கட்டிப்போய், வெறும் தண்ணீரில் மூன்று நாள் இருந்த களைப்பில் உடம்பு ஆடியது. "ஆண்டவரே, அங்கை காய்ச்ச வரப்போற குடிகாரன் ஆரோ, அவன்ரை மனசை உடையும்! அவனைத் தடுத்து நிறுத்தும்!" சபை அழுதது. தேவனிடம் அவர்கள் கேட்டுக்கொண்டிருந்த பதில் மூன்றாவது வரிசையில் பச்சைச் சேலை கட்டிக்கொண்டு முழங்காலில் நின்றது. சுஜாந்தினி அக்காவின் வெடித்த உள்ளங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கால்களோடுதான் அந்த மனிசி நாற்பது நாள் அவளுடைய வீட்டுப் படி ஏறி இறங்கியது.

இருபத்தேழாம் தேதி நிக்கலஸ் மண்டப வாசலில் அளவுநாடாவோடு நின்றான். "நான் வரவில்லை" என்று அவள் சொன்னாள்.

"ஏன்?"

"தோள் நோகிறது."

"போன மாதம்வரை இருபத்தைந்து கிலோ மூட்டையை நீ ஒற்றை ஆளாகத் தூக்கினாய்."

அவள் நிலத்தைப் பார்த்தாள். நிக்கலஸ் நாடாவைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் போட்டான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். "உன்னைப் போல ஒரு ஆளை நான் இனிக் காணப்போவதில்லை" என்று சொல்லிக் கை கொடுத்துவிட்டுக் காரில் ஏறினான்.

அடுத்த வாரம் ஜொப்சென்டர் அவளைப் பொருட்கிடங்கு ஒன்றுக்கு அனுப்பியது. வருகிற பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டி, போகிற பெட்டிகளோடு சேர்ப்பது வேலை. நாள் முழுக்க அட்டை மணம் மட்டும்தான். பத்து மணிக்கே பத்துத் தரம் நேரம் பார்த்தாள். மற்றவர்கள் இருந்து சாப்பிட, அவள் மட்டும் கையில் பாணை வைத்துக்கொண்டு சுவரோரம் நடந்தாள். "இருந்து சாப்பிடன்" என்று ஒருத்தி சொன்னாள். இருக்கத்தான் முடியவில்லை.

இரண்டாவது ஞாயிறு பாஸ்டர் மேடைக்கு ஓடித்தான் வந்தார். பியர்க்காரன் கையெழுத்து வைக்காமல் போய்விட்டானாம், வீட்டுக்காரன் இன்னும் ஐந்து வருடத்துக்குச் சபைக்கே தருகிறானாம். மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. ஜோன் கீபோட்டில் துதிப் பாட்டைத் தூக்கிவிட்டான், சுஜாந்தினியின் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. மாக்கிரட் அக்கா ஒலிவாங்கியைப் பிடித்துக் கண்ணீரோடு சாட்சி சொன்னார். "பாத்தீங்களே என்ரை சனங்களே! ஒரு மனுசரும் ஒரு விரலும் அசைக்கேல்லை. எல்லாம் அவரே செய்தார்!"

ஒரு மனிதரும் ஒரு விரலும் அசைக்கவில்லை. சுஜாந்தினி அந்த வசனத்தை மென்று விழுங்கப் பார்த்தாள், முடியவில்லை. இந்தச் சனத்துக்காகத்தான் விட்டாள், அதில் அவளுக்கு மனஸ்தாபம் இல்லை. ஆனால் விட்டவள் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. கதவில் எழுதியிருக்க வேண்டிய பெயர்.

"பிள்ளை சுஜாந்தினி, நீயும் வந்து ஒரு ஸ்தோத்திரம் சொல்லு" என்று மாக்கிரட் அக்கா ஒலிவாங்கியை நீட்டினார். அவள் எழும்பிப் போனாள்.

"அது ஆண்டவர் செய்யேல்லை" என்றாள். "நான் செய்தனான்."

பின்வரிசையில் யாரோ பழக்கத்தில் "அல்லேலூயா" என்று தொடங்கி, பாதியில் நிறுத்தினார்கள். கீபோட் நின்றது.

"அங்கை காய்ச்ச இருந்த ஆள் நான்தான். ஆறு வருஷம் பியர் காய்ச்சிற இடத்திலைதான் நிண்டனான். நல்லாய்க் காய்ச்சினனான். நான் மாட்டன் எண்டு சொன்னதாலைதான் அவன் போனவன். நீங்கள் இஞ்சை இருக்கோணும் எண்டுதான் சொன்னனான்." மூச்சு வாங்கினாள். "எனக்கு அந்த வேலை சரியான விருப்பம் அக்கா."

நூற்றிருபது பேர் இருந்த மண்டபத்தில் ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. சுஜாந்தினி ஒலிவாங்கியை அக்காவின் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் கதிரையில் வந்து இருந்தாள். பக்கத்தில் இருந்தவள் தன்னுடைய சேலைத் தலைப்பை இழுத்து எடுத்துக்கொண்டு ஒரு கதிரை தள்ளிப் போனாள். சுஜாந்தினி அசையவில்லை.